தோட்டத்துச் சடக்கிலிருந்து பத்துமலைப் படி வரை

நெகிரி செம்பிலான் தோட்டக்காரர்களுக்குப் பத்துமலைப் பயணம் இரண்டு வகை. ஒன்று தைப்பூசத்துக்கு நேர்த்திக்கடன் செலுத்தப் போவது. மற்றது, கூட்டமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பழைய தோட்டத்து நண்பர்கள் வேன் பிடித்துக்கொண்டு போய் வருவது. காவடியும் மேளமுமாய் நடக்கும் முதல் பயணத்தைப் பற்றி எழுதப்பட்டது ஏராளம். இரண்டாவதைப் பற்றி அவ்வளவாக எழுதப்படவில்லை. ஆனால் மலையை மலையாகவும் குகையைக் குகையாகவும் பார்க்க முடிவது இந்தப் பயணத்தில்தான்.

வேனில் ஏறுகிறவர்கள் யார் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். லாபு, கிர்பி, லின்சம், பிராட்வால், சுவா பெத்தோங், ஜெராம் பாடாங் என்று நெகிரி செம்பிலானில் ஒரு காலத்தில் தமிழர் வாழ்க்கை தோட்டப் பெயர்களால் அடையாளம் பெற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியபோது காடுகள் அழிந்து தோட்டங்களாயின. கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போய் ஆள் கூட்டி வந்தார்கள். 1938இல் இந்திய அரசு அந்த ஆள்சேர்ப்பைத் தடை செய்யும்வரை கப்பல்கள் வந்துகொண்டிருந்தன. இறங்கியவர்கள் லயங்களில் குடியேறினார்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு மாரியம்மன் கோவில், ஒரு தமிழ்ப்பள்ளி, வேலைக்கு ஆள் கூடும் ஒரு பிரட்டுக் களம் என்று ஒரு சிறு உலகம் அமைந்தது.

அந்த உலகம் இரண்டு முறை குலைந்தது. 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கினார்கள். வேலையும் வீடும் ஒரே நாளில் போகும் நிலை பல குடும்பங்களுக்கு வந்தது. அரசியல் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் அந்த நெருக்கடியில்தான்; தொழிலாளர்களே பங்கு போட்டுத் தோட்டத்தை வாங்குவது அதன் நோக்கம். பிறகு கித்தா எனும் ரப்பர் மரங்கள் விழுந்து செம்பனை எழுந்தது, வேலையாட்கள் குறைந்தார்கள், நகரை ஒட்டிய நிலம் வீடமைப்புக்குப் போனது. இன்று நீலாய், சிரம்பான் 2, செரி செண்டாயான் ஆகிய புதுநகரங்களில் வரிசை வீடுகளுக்கு நடுவே போகிறவர்கள் தோட்ட மண்ணின் மேல்தான் போகிறார்கள்.

தோட்டம் போனாலும் பெயர் போகவில்லை. சில தமிழ்ப்பள்ளிகள் இடம் மாறிய பின்னும் பழைய தோட்டப் பெயரையே தாங்கி நிற்கின்றன. மனிதர்களும் அப்படித்தான். செனாவாங் தொழிற்சாலையில் வேலை செய்பவர், சிரம்பானில் கடை வைத்திருப்பவர், கோலாலம்பூரில் ஆசிரியராக இருப்பவர் எல்லோரும் வாட்ஸாப் குழுவில் இன்னமும் ஒரே தோட்டம். பத்துமலைக்குப் போகலாம் என்று யாராவது ஒருவர் எழுதினால் போதும், வேன் நிறைந்துவிடும். பயணத்தின் பாதிப் பயன் அப்போதே கிடைத்துவிட்டது என்று சொன்னால் மிகையில்லை.

தோட்டத்துப் பயணம் விடியுமுன் கிளம்பும். இதற்கு ஒரு காரணம் உண்டு. வெயில் ஏறுவதற்கு முன் ரப்பர் மரத்தினுள் அழுத்தம் அதிகமாக இருப்பதால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். ஆகையால் பால் வெட்டுக்காரர் இருட்டிலேயே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் போய், பட்டையைச் சீவி, பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைத் திருப்பி வைத்துவிட்டு அடுத்த மரத்துக்கு நகர்ந்தாக வேண்டும். அந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு, கத்தியைத் தொட்டே இராதவர்களுக்கும்கூட, நாலரை மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது.

பகாவ், கோலா பிலா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் முதலில் புக்கிட் புத்துஸ் கணவாயைத் தாண்ட வேண்டும். மேம்பாலத்தோடு கூடிய புதுச்சாலை வருவதற்கு முன்பு இந்தப் பாதை வளைந்து வளைந்து போய்ப் பிள்ளைகளை வாந்தி எடுக்க வைத்தது. 1875 டிசம்பரில் பிரிட்டிஷ் படைக்கும் உள்ளூர் ஆட்சியாளர் யாம்துவான் அந்தாவின் ஆட்களுக்கும் சண்டை நடந்த இடம் இது; இங்கே போரிட்டதற்காக ஜார்ஜ் சேனர் என்ற அதிகாரிக்கு விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. லிங்கி, ரந்தாவ், போர்ட்டிக்சன் பக்கத்தவர்களுக்குச் சமதரைச் சாலை. எல்லாப் பாதைகளும் சிரம்பானில் சேர்கின்றன. அங்கிருந்து பத்துமலை ஏறத்தாழ 80 கிலோமீட்டர்.

கோலாலம்பூர்–சிரம்பான் நெடுஞ்சாலை திறக்கப்படும்வரை மந்தின், பெரானாங், செமினி, காஜாங், செராஸ் வழியாகப் போகும் பழைய கூட்டரசுச் சாலைதான் வழி. சிரம்பானை விட்டதும் மந்தின் மலைவளைவுகள். தோட்டத்து லாரியில் பலகை போட்டு உட்கார்ந்து, தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு, பால் வாடை போகாத தட்டில் புளிச்சோற்றுப் பொட்டலங்களோடு அந்த வளைவுகளில் போன தலைமுறை இன்னும் இருக்கிறது. இன்றைய நண்பர்கள் குழுவில் ஓட்டுநர் விரைவுச்சாலையை எடுக்க நினைத்தாலும், பெரியவர் ஒருவர் கூட வந்தால் மந்தின் வழியே போகச் சொல்வார். அரைமணி நேரம் கூடுதலாகும். அந்த அரைமணியில் எந்த வளைவில் யாருடைய அப்பா என்ன செய்தார் என்பதெல்லாம் வந்துவிடும். நேரம் இருப்பவர்கள் இந்த வழியில் போவதே நல்லது.

வேன் வேண்டாமென்றால் ரயில் இருக்கிறது. பத்துமலைக்கு 2010இல் கொமுட்டர் நிலையம் வந்தது. பூலாவ் செபாங்கிலிருந்து கிளம்பும் வண்டி ரெம்பாவ், செனாவாங், சிரம்பான், லாபு, நீலாய் என நின்று நின்று மலையடிவாரத்திலேயே இறக்கிவிடும். வசதிதான். ஆனால் பசியாறுவதற்கு நடுவில் இறங்க முடியாது. ரொட்டி சானாயும் தே தாரேயும் ஆர்டர் செய்துவிட்டு மேசைகளை இழுத்துப் போட்டு உட்காரும் அந்த முக்கால்மணி நேரம் இல்லாத நண்பர்கள் பயணம் நிறைவதில்லை.

நெகிரி செம்பிலானின் மலைகள் பெரும்பாலும் கருங்கல். தீபகற்பத்தின் முதுகெலும்பான தித்திவாங்சா மலைத்தொடர் இந்த மாநிலத்தில்தான் தெற்கே தாழ்ந்து முடிகிறது. உருண்ட முகடு, அடர்ந்த காடு, சாய்வான சரிவு என்பது அதன் முகம். கோலாலம்பூரைத் தாண்டி வடக்கே போகும்போது வேறொரு மலை கண்ணில் படுகிறது. சமவெளியிலிருந்து சட்டென்று செங்குத்தாக எழுந்து நிற்கும் வெள்ளைச் சுவர், காவிக் கறைகள், சுவரின் வெடிப்புகளில் வேர் பிடித்துத் தொங்கும் செடிகள். இது சுண்ணாம்புக்கல். 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்து, பின்னர் பூமிக்குள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் பளிங்காக இறுகிய கல். கோலாலம்பூர் நகரின் பெரும்பகுதிக்கு அடியிலும் இதே பாறைதான் புதைந்து கிடக்கிறது. பத்துமலை அதன் தலை வெளியே தெரியும் இடம்.

குகைகளைச் செய்தது மழை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமிலவாயுவைச் சேர்த்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. கருங்கல்லை அது விரைவில் எதுவும் செய்துவிட முடியாது; சுண்ணாம்புக்கல்லையோ கரைத்துவிடுகிறது. வெடிப்பு இடுக்காகி, இடுக்கு பொந்தாகி, பொந்து மண்டபமாகிறது. பிறகு அதே நீர் கூரையிலிருந்து சொட்டும்போது, கரைத்துக் கொண்டுவந்த சுண்ணத்தைத் துளித்துளியாக விட்டுச் செல்கிறது. அதனால்தான் கூரையிலிருந்து ஆலம் விழுதுகளைப் போலக் கல் தொங்குகிறது. கையால் தொடக்கூடாது என்று வழிகாட்டிகள் கண்டிப்பதில் நியாயம் இருக்கிறது: கையின் எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் சுண்ணம் சரியாகப் படியாது, வளர்ச்சி நின்றுபோகும்.

இந்தக் குகைகளை முதலில் அறிந்தவர்கள் தெமுவான் பூர்வகுடிகள். 1860களில் சீனர்கள் வௌவால் எச்சத்தைக் காய்கறித் தோட்டங்களுக்கு உரமாக வெட்டி எடுத்துப் போனார்கள். 1878இல் அமெரிக்க இயற்கையியலாளர் வில்லியம் ஹோர்னடே வந்து பார்த்து எழுதிய பிறகு வெளியுலகம் அறிந்தது. இந்த வரிசையில் நான்காவதாக வந்தவர் தம்புசாமிப் பிள்ளை. சிங்கப்பூரில் பிறந்து கோலாலம்பூருக்கு வந்து ஈயச் சுரங்கத்திலும் வணிகத்திலும் உயர்ந்தவர்; 1873இல் நகரின் ஸ்ரீ மகா மாரியம்மன் கோவிலை நிறுவியவர். குகை வாயில் வேலின் வடிவில் தெரிந்ததாகவும், அதுவே முருகனுக்கு இங்கே கோவில் எழக் காரணமானதாகவும் சொல்வது வழக்கம். 1891 வாக்கில் வேல் நாட்டப்பட்டு வழிபாடு தொடங்கியது. 1892 முதல் தைப்பூசம் நடந்துவருகிறது. நெகிரி செம்பிலானில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகுவதற்கு முன்பே பத்துமலை காத்திருந்தது என்பதை இந்த ஆண்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் உணரலாம். கப்பலில் வந்து இறங்கிய தலைமுறைக்குப் பழனி கடலுக்கு அப்பால். வேண்டிக்கொள்ள ஒரு மலை லாரி போகும் தூரத்தில் இருந்தது.

படிகள் 272. 1920இல் மரப்படிகள் போட்டார்கள். அவை பின்னர் கான்கிரீட் ஆயின. 2018 ஆகஸ்ட்டில் குடமுழுக்கை ஒட்டி வரிசைக்கொரு நிறமாகப் பூசியதும் உலகெங்கிலுமிருந்து படமெடுக்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பழைய படிகளில் காவடி சுமந்து ஏறியவர்களில் சிலருக்கு இந்த வண்ணம் பிடிக்கவில்லை. பிள்ளைகளுக்குக் கொள்ளைப் பிரியம். அடிவாரத்தில் 42.7 மீட்டர் உயரத்தில் பொன்னிற முருகன் நிற்கிறார். 2006 ஜனவரியில் திறக்கப்பட்ட இந்தச் சிலைதான், சேலம் அருகே முத்துமலை முருகன் 2022இல் எழும்வரை, உலகிலேயே உயரமான முருகன் சிலை. வேலின் கீழ் நின்று தலையை முழுதும் பின்னால் சாய்த்தால்தான் முகம் தெரியும்.

ஏறும்போது குரங்குகள் மீது கவனம் வேண்டும். கையில் தொங்கும் எந்தப் பையும் அவற்றுக்குத் தீனிப்பைதான். பழத்தட்டை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு ஏறுவது தோட்டத்துப் பெண்கள் கண்ட வழி. நூறாவது படியில் பேச்சு குறையும், இருநூறாவதில் நிற்கும்.

மேலே கோவில் குகை. வாயிலைத் தாண்டியதும் வெயிலும் வியர்வையும் பின்னால் நின்றுவிடுகின்றன. கூரை ஏறத்தாழ நூறு மீட்டர் உயரம். தலைக்கு மேல் இருட்டு, அதில் எங்கோ புறாக்களின் சிறகடிப்பு; கீழே ஈரத் தரை, கற்பூரப் புகை, ஈரக்கல்லின் வாடை. பேசுகிற குரல் சுவர்களில் பட்டு உடனே திரும்பாமல் சற்றுப் பொறுத்துத் திரும்புகிறது. ஒரு பக்கம் விழுதுப் பாறையின் நுனியில் ஒரு துளி திரண்டு, கனத்து, விழுகிறது. அது விழும் இடத்தில் கல்லில் சிறு குழி விழுந்திருக்கிறது, குழியில் குங்குமக் கறை. உள்ளே இன்னும் சில படிகள் ஏறினால் கூரை திறந்து வானம் தெரியும் மண்டபம். நடுப்பகலில் ஒளி அங்கே நேராக இறங்குகிறது. சுற்றிலும் செங்குத்துப் பாறை, அதன் விளிம்பில் மரங்கள், கீழே சிறு சந்நிதி. தைப்பூசத்தன்று இந்த இடத்தில் நிற்கக்கூட முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இங்கே உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க மனம் வராது.

படிகளின் நடுவில் இடப்பக்கம் இருட்டுக் குகைக்கு வழி பிரிகிறது. இரண்டு கிலோமீட்டர் அளவுக்கு நீளும் இந்தக் குகைதான் அறிவியலுக்குப் பெரிய சொத்து. 1923இல் விவரிக்கப்பட்ட ஒரு பொறிக்கதவுச் சிலந்தி இங்கே வாழ்கிறது. வயிறு கண்டம் கண்டமாகப் பிரிந்த மிகத் தொன்மையான சிலந்திக் குலத்தைச் சேர்ந்தது. பட்டு நூலால் குழாய் கட்டி, வாயிலில் மூடி வைத்து, மூடியைச் சுற்றி நூல்களைப் பரப்பிவிட்டுக் காத்திருக்கும். இரை நூலை மிதித்தால் மூடி திறக்கும். இந்தக் குகை அண்மை ஆண்டுகளில் நெடுங்காலம் மூடியே கிடந்தது. பார்க்க முடியாதது வருத்தம்தான். ஆனால் வௌவாலும் சிலந்தியும் பிழைக்க மூடுவது தேவையென்றால் மூடத்தான் வேண்டும். மலையின் ஒரு பக்கத்தைக் கல்லுடைப்பு ஏற்கெனவே தின்றுவிட்டது.

தைப்பூசத்தன்று இதே மலைக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வருகிறார்கள். வெள்ளிரதம் கோலாலம்பூர் மாரியம்மன் கோவிலிலிருந்து இரவில் கிளம்பி ஏறத்தாழ 15 கிலோமீட்டர் ஊர்ந்து விடிந்து வெகுநேரம் கழித்து வந்து சேரும். நெகிரி செம்பிலானில் அன்று பொது விடுமுறை.

இறங்கி வந்தபின் பெரும்பாலான குழுக்கள் அடிவாரத்தில் இளநீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகின்றன. ஆனால் ரயில் நிலையத்துக்கு அருகே இராமாயணக் குகை இருக்கிறது. வாசலில் 15 மீட்டர் உயர அனுமன். உள்ளே சுவரோரமாக இராமகாதைச் சிற்பங்கள், பின்பகுதியில் நல்ல பாறை விழுதுகள். நுழைவுக் கட்டணத்தைப் பார்த்துத் திரும்பிவிடாமல் உள்ளே போகலாம், குறிப்பாகப் பிள்ளைகள் உடன் இருந்தால்.

திரும்பும் பாதையில் கோலாலம்பூர் நெரிசல் மாலையில் கடுமை. இரண்டு மணிக்குள் வேன் எடுத்துவிட்டால், காஜாங்கில் சாத்தே சாப்பிட நிறுத்தினாலும், இருட்டுவதற்குள் சிரம்பான் வந்துவிடலாம். பகாவ்காரர்களுக்கு அதற்கு மேலும் ஒன்றேகால் மணிநேரம் பிடிக்கும்.