கடைசி நூறு மீட்டர்

கன்னிவாடியில் கடல் மீன் வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "ஐஸ் வச்சு எத்தனை நாளாச்சு?" என்பதைத்தான். மலையடிவாரத்து ஊர், கடலை பஸ் ஏறிப் போய்த்தான் பார்க்க வேண்டும். அந்த மீனைப் பிடித்தவர் நடுக்கடலைவிட அதிகம் பயப்படுவது, கரை கண்ணுக்குத் தெரிகிற ஓர் இடத்தில் என்றால் இங்கே யாரும் லேசில் நம்பமாட்டார்கள்.

ஆறோ காயலோ கடலில் சேரும் முகத்துவாரம்தான் அந்த இடம். குமரிப் பக்கம் பொழி என்பார்கள். கரையோரமாக அலை தள்ளிக்கொண்டு வரும் மணலும் ஆற்று மணலும் அங்கே தண்ணீருக்கடியில் திட்டாகப் படியும். ஆழத்தில் அலை சாது. படகைத் தூக்கி இறக்கிவிட்டுப் போய்விடும். திட்டின் மேல் வந்ததும் வேகம் குறைந்து உயரம் கூடுகிறது. ஒன்றரை மீட்டர் அலை, சுமார் 2 மீட்டர் ஆழத்துக்கு வந்ததும் உடையும். கடல் வற்றும் நேரத்து நீரோட்டம் எதிரே வந்தால் இன்னும் செங்குத்தாக எழும்பும்.

வெளியே போகும்போது அலை கண்ணெதிரே வருகிறது. பிடிக்கவில்லையா, வீட்டுக்குத் திரும்பிவிடலாம். (கடன் இருக்கிறவர் திரும்புவாரா என்பது வேறு விஷயம்.) உள்ளே வரும்போதுதான் சிக்கல். அலை பின்னாலிருந்து தூக்கும். புரொப்பல்லர் தண்ணீரை விட்டு மேலே வந்துவிடும், திசை திருப்பினால் படகு கேட்காது. சறுக்கி இறங்கி முன்பக்கம் குத்தி, குறுக்கே திரும்பும். அடுத்த அலை கவிழ்த்துவிடும்.

அதனால் அனுபவசாலிகள் வெளியிலேயே காத்திருப்பார்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு கொஞ்சம் ஓய்வு. அந்த இடைவெளியில் ஒரு அலையின் முதுகைப் பிடித்துக்கொண்டு வரவேண்டும். அதை முந்தக்கூடாது, பின்னால் வருவதிடம் மாட்டவும் கூடாது. கேட்க எளிது! எண்ணெய் தீர்ந்துகொண்டிருக்க, மீன் பாரம் அழுத்த, இருட்டில் எவ்வளவு நேரம் காத்திருப்பது?

குமரி மாவட்டத் தேங்காப்பட்டணத்திலும் திருவனந்தபுரம் மாவட்ட முதலப்பொழியிலும் இதற்காகத்தான் கடலுக்குள் கல்லைக் கொட்டி அலைத் தடுப்புச் சுவர் கட்டினார்கள். வாய் பத்திரமாகும் என்று எதிர்பார்த்தார்கள். மணல் அங்கேயும் வந்து படுத்துக்கொண்டது. இரண்டு இடங்களிலும் பலர் இறந்திருக்கிறார்கள். 2023 ஜூலை 10 அதிகாலை முதலப்பொழியில் படகு கவிழ்ந்து 4 மீனவர்கள் போனார்கள். தூர்வாருங்கள், சுவரின் அமைப்பை மாற்றுங்கள் என்று மீனவர்கள் போராடிக்கொண்டேதான் இருக்கிறார்கள். தூர்வாரினால் ஆழம் கிடைக்கும். ஆனி ஆடி மாதக் கடல் அதை மறுபடி நிரப்பிவிடும்.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. கரையில் நிற்பவருக்கு அலை உடையும் வெள்ளை நுரை நன்றாகத் தெரியும். கடலிலிருந்து வருபவருக்குத் தெரிவது அலையின் முதுகு மட்டும்தான். அது எப்போதும் சின்னதாகவே தெரியும்.