குறுக்குக்கட்டு

“அந்த எடத்த எதுக்கும்மா பாக்கணும்?” சியோலிம் பாலத்தில் வண்டி ஏறும்போது மகள் மூன்றாவது தடவையாகக் கேட்டாள். வாடகை ஸ்கூட்டர். கோவாவில் வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். வெளியூர்க்காரர்கள் என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். கீழே சாப்போரா ஆறு அகலமாகக் கிடந்தது. ஜனவரி மாதக் காலை வெயில் இன்னும் உறைக்கவில்லை. பதிலை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

கடையநல்லூரிலிருந்துதான் தொடங்க வேண்டும். நான் சிறுமியாக இருந்தபோது கருப்பாநதியில் தண்ணீர் வந்துவிட்டால் வீட்டில் யாரும் குளிக்க மாட்டோம். ஆச்சி பித்தளை வாளியில் துவைக்கிற துணியை அள்ளிக்கொண்டு முன்னால் நடப்பாள். பெண்கள் துறையில் சேலை, ரவிக்கை எல்லாம் கல்லின் மேல் இருக்கும். பாவாடையை நெஞ்சுக்கு மேல் ஏற்றி முடிந்தால் அதுதான் குறுக்குக்கட்டு. தோளும் முதுகும் முழங்காலும் வெயிலில் மின்ன, அறுபது வயதுக் கிழவியும் புதுப்பெண்ணும் ஒரே கல்லில் மஞ்சள் உரசுவார்கள். மறைப்புச் சுவர் கிடையாது. பத்தடி தள்ளி மாடு ஓட்டிக்கொண்டு ஆம்பிளைகள் போகிற தடம். அந்தத் தடத்தில் வருகிறவர் வளைவிலேயே ஒரு தடவை இருமுவார். இருமல் கேட்டதும் துறையில் பேச்சு ஒரு நொடி நிற்கும். அவர் மலைப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்து போவார். பேச்சு மறுபடி தொடங்கும். அந்த இருமலை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

என் மகள் குறுக்குக்கட்டு கட்டியதே இல்லை. அவளுக்குத் தெரிந்த பொதுக்குளியல் குற்றாலம்தான். பேரருவியில் பெண்களுக்குத் தனி இடம் உண்டு, வரிசை உண்டு, காவலுக்குப் போலீஸ் உண்டு. எல்லாம் இருந்தும் பெண்கள் நைட்டிக்கு மேல் துண்டைப் போர்த்திக்கொண்டுதான் அருவிக்குள் நுழைகிறார்கள். நனைந்த நைட்டி காலைச் சுற்றிப் பின்னுகிறது. தண்ணீர் தலையில் இடிக்கும்போதும் ஒரு கை நெஞ்சில் துணியைப் பிடித்திருக்கிறது. அந்தப் பக்கம் ஜட்டியோடு நிற்கிற ஆயிரம் ஆண்கள் இரண்டு கையையும் விரித்து அருவியை வாங்குகிறார்கள். போன ஜூலையில் குளித்துவிட்டு வந்த மகள் ஈரத்தோடு சொன்னாள்: “பாலத்து மேலேர்ந்து ஒருத்தன் போன பிடிச்சிட்டு நிக்கான்மா. அருவிய எடுக்கானா நம்மள எடுக்கானான்னு தெரியல.”

அந்த ராத்திரிதான் உடம்பை மறைக்காமல் குளிக்கிற இடம் இந்த நாட்டில் எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று தேடத் தொடங்கினேன். தேடினால் எல்லாரும் கோவாவுக்குத்தான் கை காட்டினார்கள். அரம்போல், அஞ்சுனா, வாகத்தோர். கர்நாடகத்தில் கோகர்ணம். “அங்கெல்லாம் நியூட் பீச் இருக்காம்” என்று சொன்ன ஒருவரும் கண்ணால் கண்டதில்லை.

அரம்போல் கடற்கரை நீளமானது. வடக்குக் கோடியில் மணல் முடிந்து பாறை தொடங்குகிறது. பாறையோரமாக ஒரு ஒற்றையடிப் பாதை. இரண்டு பக்கமும் கடைகள். வெள்ளி மோதிரம், பருத்திச் சட்டை, யோகாவுக்கான பாய். கால்மணி நேரம் நடந்தால் சின்னதாக இன்னொரு கரை திறக்கிறது. அதன் பின்னால், கடலிலிருந்து ஒரு மணல்வரம்பு தள்ளி, நல்ல தண்ணீர் ஏரி. ஸ்வீட் லேக் என்கிறார்கள். முன்னால் உப்பு, பின்னால் நன்னீர், நடுவில் ஒரு நடை மணல். மலைச்சரிவில் மஞ்சள் களிமண் கிடக்கிறது. அதைக் குழைத்து உடம்பில் அப்பி, காயவிட்டு, ஏரியில் இறங்கிக் கழுவுகிறார்கள். ஓடை வழியே காட்டுக்குள் போனால் ஒரு பெரிய ஆலமரம். பல வருஷம் முன்பு மேற்கத்திய நாட்டு இளைஞர்கள் துணியில்லாமல் வாழ்ந்ததாகச் சொல்லப்படுகிற இடங்களில் இதுவும் ஒன்று.

நாங்கள் போனபோது முழு அம்மணமாக ஒருவரும் இல்லை. நீச்சலுடையில் சில ரஷ்யக் குடும்பங்கள். எழுபது வயது இருக்கும் ஒரு வெள்ளைக்கார அம்மாள் களிமண் பூசிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி, நம் நாட்டுப் பையன்கள் ஐந்தாறு பேர். ஒருவன் செல்ஃபி எடுப்பதுபோல் முதுகைக் காட்டி நின்று, தன் தோளுக்கு மேல் அந்த அம்மாள் விழும்படி போனைச் சாய்த்தான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அது குற்றாலத்துப் பாலத்தில் நின்றவனின் கை.

கரையோரக் குடிலில் டீ கேட்டபோது சமையல்கட்டிலிருந்து ஒரு தமிழ்க்குரல். “எந்தூரும்மா?” கடையநல்லூர் என்றதும் கரண்டியை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். சுரண்டைக்காரர். இங்கே வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். தலை முழுக்க நரை. எதைத் தேடி வந்தோம் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது, மகள் சொல்லிவிட்டாள். அவர் முகம் மாறவில்லை.

“நான் வந்த புதுசுல இருந்தாங்கம்மா. காலைல வலை இழுக்கிற நேரத்துல கூட அப்படியே நடந்து போவாங்க. மீன்காரங்க ஒண்ணு ரெண்டு நாள் பாத்தாங்க, அப்புறம் அவங்க வேலையப் பாத்தாங்க. வெளியூர்லேர்ந்து பஸ் பிடிச்சு வந்து நின்னு பாத்தாங்க பாருங்க, அதுலதான் போச்சு.”

“யாரு அண்ணாச்சி பஸ் பிடிச்சு வந்தது?”

“நம்மாளுகதான். எல்லா ஊரும். கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி கூட்டம் கூட்டமா.”

அவர் சொன்னது கோவாக் கரைகளின் வரலாற்றோடு ஒத்துப்போகிறது. 1961இல் போர்ச்சுகீசியரிடமிருந்து விடுபட்ட கோவாவுக்கு அந்தப் பத்தாண்டின் கடைசியில் ஹிப்பிகள் வந்தார்கள். அஞ்சுனாவில் தென்னந்தோப்பு வீடுகளை வாடகைக்கு எடுத்தார்கள். பணம் தீர்ந்தபோது கையிலிருந்த பொருள்களை விற்கத் தொடங்கிய சந்தை இன்றும் புதன்கிழமைதோறும் கூடுகிறது. துணியில்லாமல் வெயில் காய்ந்தது அவர்கள் வாழ்க்கையில் ஒரு பகுதி. எழுபதுகளிலேயே அதைப் பார்க்கவென்று சுற்றுலாப் பேருந்துகள் வந்தன. பிறகு ‘நிர்வாணம் தடைசெய்யப்பட்டது’ என்று அரசு பலகை வைத்தது. ஊர்க்காரர்களின் பக்கமும் எனக்குப் புரிகிறது. அது அவர்கள் வலை காயப்போடுகிற கரை, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிற வழி. வந்தவர்கள் யாரும் அவர்களிடம் கேட்டுவிட்டுத் துணியைக் களையவில்லை. எங்கள் ஊர்த் துறையில் இருந்தது இரு தரப்பும் சேர்ந்து காத்த ஒழுங்கு. இங்கே ஒரு தரப்பு மட்டும் சுதந்திரம் எடுத்துக்கொண்டது. அதனால்தான் வேர் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

வேர் பிடித்த இடங்கள் உண்டு. பிரான்ஸின் அட்லாண்டிக் கரையில் மோந்தலிவே என்ற ஊரில் 1950இல் துணியில்லாமல் இருப்பதற்கென்றே ஒரு விடுமுறைக் குடியிருப்பு தொடங்கினார்கள்; தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் வருகின்றன. நம்மவர்கள் ஏராளமாக வாழும் டொரன்டோவில், தீவுக்குப் போகும் படகில் ஏறினால் ஹான்லன்ஸ் பாயின்ட். 1999இல் மாநகர மன்றம் சோதனையாக அனுமதித்து, 2002இல் நிரந்தரமாக்கிய கரை அது. இப்படிப்பட்ட இடங்களில் வழிவழியாக வரும் நடைமுறையைப் படித்தபோது எனக்கு ஆச்சி ஞாபகம் வந்தது. உட்காரும் இடத்தில் துண்டை விரித்து உட்கார வேண்டும். கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. உற்றுப் பார்க்கக் கூடாது. உடுப்பைப் பற்றிச் சொல்வதைவிடக் கண்ணைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறார்கள்.

இதெல்லாம் மேல்நாட்டுச் சமாசாரம் என்று மகள் சொன்னாள். பதிவில் உள்ளவற்றில் உலகின் முதல் நிர்வாணச் சங்கம் நம் நாட்டில்தான் இருந்தது என்றேன். நம்பவில்லை. 1891இல் பம்பாய் மாகாணத்தின் தானேயில் சார்லஸ் எட்வர்டு கோர்டன் க்ராஃபோர்டு என்ற ஆங்கிலேயர் மாவட்ட நீதிபதியாக இருந்தார். மனைவியை இழந்தவர். அவரும் ஒரு பாதிரியாரின் இரண்டு மகன்களும் சேர்ந்து ‘நிர்வாண நம்பிக்கைச் சங்கம்’ என்று பொருள்படும் பெயரில் ஒன்றைத் தொடங்கினார்கள். மூன்றே பேர். மாத்தேரான் மலையிலும் துளசி ஏரிப் பக்கமும் ஆளில்லாத இடம் பார்த்துக் கூடினார்கள். அவருக்கு ரத்தினகிரிக்கு மாற்றல் வந்ததும் சங்கம் முடிந்தது. 1894இல் அவரும் இறந்துவிட்டார். இங்கிலாந்தில் எட்வர்டு கார்ப்பென்டர் என்ற எழுத்தாளருக்கு அவர் எழுதிய கடிதங்களால்தான் இந்தச் செய்தியே நமக்குத் தெரிகிறது. ஒரு நீதிபதிக்குக்கூட ஆளில்லாத மலை தேவைப்பட்டிருக்கிறது. அவரைச் சுற்றி அதே காலத்தில் ஆற்றில் குளித்துக்கொண்டிருந்த மக்களுக்கு அந்த மலை தேவைப்படவில்லை.

எனக்கு இதைவிட நெருக்கமான சாட்சி எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. கடையநல்லூரிலிருந்து புளியங்குடி, சங்கரன்கோவில் வழியாகப் போனால் கழுகுமலை. வெட்டுவான் கோவிலைப் பார்க்கிற எல்லாரும் அதே குன்றில் உள்ள சமணச் சிற்பங்களையும் பார்ப்பார்கள். பாண்டியர் காலத்தில், எட்டாம் நூற்றாண்டு வாக்கில் தொடங்கி, பாறை முகப்பில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். உடம்பில் நூலிழை இல்லை. கீழே வட்டெழுத்தில், செய்வித்தவர்களின் பெயர்கள். குரத்தியார் என்று பெண் ஆசிரியர்களும் அதில் உண்டு. மகளை ஐந்தாம் வகுப்பில் அங்கே கூட்டிப்போனேன். “ஏம்மா இவங்க டிரெஸ் போடல?” என்று ஒரு தடவை கேட்டாள். “வேண்டாம்னு விட்டுட்டாங்க” என்றேன். அதோடு சரி, பாறையில் சறுக்கி விளையாடப் போய்விட்டாள். ஆயிரத்து இருநூறு வருஷமாக அந்த உடம்புகள் மழையிலும் வெயிலிலும் நிற்கின்றன. யாரும் போர்வை போர்த்தவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று மகள் போனில் பார்த்துப் படித்தாள். பொது இடத்தில் மற்றவர்க்கு எரிச்சலூட்டும்படி ஆபாசச் செயல் செய்தால் மூன்று மாதம் வரை சிறை. முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 294. 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதா 296. 2020 நவம்பரில் நடிகர் மிலிந்த் சோமன் கோவாக் கரையில் துணியின்றி ஓடிய படத்தை வெளியிட்டபோது பாய்ந்தது இந்தப் பிரிவுதான். எடுக்கிறவனுக்கு? அதற்கும் உண்டு: 2013இல் 354சி என்று சேர்த்தது, இப்போது 77. பெண்ணின் அந்தரங்கச் செயலை ஒளிந்து பார்த்தாலோ படம் பிடித்தாலோ முதல் தடவைக்கே ஒரு வருஷத்திலிருந்து மூன்று வருஷம். ஆனால் தனிமையை நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும் என்கிறது சட்டம். கருப்பாநதித் துறையில் ஆச்சி தனிமையை எதிர்பார்த்தாளா? எதிர்பார்த்தாள். சுவர் இல்லை, கதவு இல்லை, இருந்தும் எதிர்பார்த்தாள், கிடைத்தது. அந்த எதிர்பார்ப்பை ஒரு வழக்கறிஞர் நீதிமன்றத்தில் எப்படி நிரூபிப்பார்?

கிளம்பும்போது சுரண்டை அண்ணாச்சி டீக்குக் காசு வாங்கவில்லை. “குளிக்கணும்னா காலைல விடிஞ்சதும் ஏரிக்கு வாங்கம்மா” என்றார். “கடை தொறக்க ஒம்பது ஆகும். ஈ காக்கா இருக்காது. மீன்காரங்க போவாங்க. அவங்களால ஒண்ணும் இல்ல.”

மறுநாள் நாங்கள் போனபோது பாதையிலிருந்த கடைகளெல்லாம் நீலத் தார்ப்பாயால் மூடிக் கிடந்தன. கடல் சாம்பல் நிறம். உயிர்காப்பாளரின் கோபுரம் காலியாக இருந்தது. 2008 முதல் இந்தக் கரைகளில் காவல் நிற்கும் நிறுவனத்தின் பெயர் திருஷ்டி. பகலில் அந்தக் காவல் பையன்களைக் கவனித்திருந்தேன். கரையில் எத்தனை பேர் எப்படிக் கிடந்தாலும் அவர்கள் கண் தண்ணீரிலேயே இருந்தது.

நான் பையில் பாவாடை கொண்டுவந்திருந்தது மகளுக்குத் தெரியாது. பாறைக்குப் பின்னால் போய் நெஞ்சுக்கு மேல் ஏற்றி முடிந்தேன். முப்பது வருஷம் கழிந்தும் விரல்களுக்கு முடிச்சு மறக்கவில்லை. தோளில் குளிர்காற்று பட்டபோது யாரோ தொட்டதுபோல் இருந்தது. மகள் என்னையே பார்த்தாள். பிறகு, காவல் நிற்பவளாகத் தன்னையே நியமித்துக்கொண்டு பாதை தெரியும்படி ஒரு கல்லில் ஏறி உட்கார்ந்தாள்.

முழங்கால் அளவில் தண்ணீர் சில்லென்றது. இடுப்பளவு போனபோது மகள், “அம்மா, ஆளு வருது” என்றாள். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு பேர் மணல்வரம்பின் மேல் வந்தார்கள். ஒருவர் வயதானவர். எங்களைக் கண்டதும் அவர்கள் பேச்சை நிறுத்தவில்லை, நடையைக் குறைக்கவுமில்லை. வரம்பின் கடல்பக்கச் சரிவில் இறங்கி, முகம் கடலைப் பார்க்க, அப்படியே போனார்கள். தலைகள் மட்டும் கொஞ்ச தூரம் தெரிந்தன.

மகள் அவர்கள் மறையும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நான் ஒரு முங்கு போட்டு எழுந்தேன். பாவாடைக்குள் காற்றுப் பிடித்து, சின்ன வயதில் போலவே, சுற்றிலும் குடையாக உப்பி மிதந்தது.

“அது என்னம்மா?” என்று எழுந்து நின்றாள்.

“பையில இன்னொண்ணு இருக்கு” என்றேன். “கட்டிட்டு வா, சொல்லித் தாரேன்.”