வாங்கிய மறுவாரமே விலை இறங்கினால்...

2025 செப்டம்பர் 3-ம் தேதி இரவு. ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவுகளைத் தொலைக்காட்சியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டிராக்டருக்கு 12 சதவிகிதமாக இருந்த வரி 5 சதவிகிதமாகக் குறையும், செப்டம்பர் 22 முதல் அது நடைமுறைக்கு வரும் என்றார்கள். செய்தியைக் கேட்டு ஊரே சந்தோஷப்பட்டது. திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கிராமத்தில் ஒரு வீட்டில் மட்டும் யாரும் பேசவில்லை. அந்த வீட்டு வாசலில் மாலை வாடாத புது டிராக்டர் நின்றிருந்தது. விநாயகர் சதுர்த்தி முடிந்த வெள்ளிக்கிழமை, ஆகஸ்ட் 29-ம் தேதி எடுத்த வண்டி. வந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது.

வண்டியின் அடிப்படை விலை 6 லட்சம். 12 சதவிகித வரி 72,000 ரூபாய். மொத்தம் 6,72,000. வரி 5 சதவிகிதம் என்றால் 30,000 ரூபாய்தான். வித்தியாசம் 42,000 ரூபாய். வண்டிக்கு முன்பணம் கட்ட அந்த வீட்டம்மாவின் நான்கு பவுன் சங்கிலி கூட்டுறவு வங்கியில் அடகில் இருந்தது. ஐந்து ஏக்கர் விவசாயிக்கு 42,000 ரூபாய் என்பது ஒரு போகத்து உரச் செலவுக்கும் மேல்.

ஜி.எஸ்.டி. பதிவு உள்ள வியாபாரி, தொழிலுக்கு வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியைப் பின்னால் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பதிவு இல்லாத விவசாயிக்கு அந்த வழி இல்லை. கட்டிய வரி முழுவதும் அவர் தலையில்தான். அதனால்தான் அந்த இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை.

"தீபாவளிக்கு விலை ஏறும், இப்பவே எடுத்துடுங்கன்னு சொன்னானே அந்தப் பையன். நாளைக்கே போய் ரெண்டுல ஒண்ணு பார்த்துட்டு வர்றேன்" என்று கொதித்தார். ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் செங்கோட்டையில் பேசும்போதே, தீபாவளிக்குள் ஜி.எஸ்.டி.யில் மாற்றம் வரும் என்று சொல்லியிருந்தார். ஆனால், எந்தப் பொருளுக்கு எவ்வளவு குறையும் என்பது 3-ம் தேதி வரை வெளியே வரவில்லை. விற்பனைப் பையனுக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை.

பில், பணம், டெலிவரி

அவருடைய மகள் பி.காம். படித்துவிட்டு, மன்னார்குடியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். மறுநாள் காலையில் வண்டிக் காகிதங்களை எல்லாம் எடுத்துத் திண்ணையில் பரப்பினார்.

"அப்பா, வரி மாறும்போது மூணு தேதியைத்தான் பார்ப்பாங்க. பொருள் கைக்கு வந்த தேதி, பில் போட்ட தேதி, பணம் போய்ச் சேர்ந்த தேதி. இந்த மூணுல ரெண்டு 22-க்கு முன்னாடி இருந்தா பழைய வரி. ரெண்டு 22-லயோ அதுக்குப் பின்னாடியோ இருந்தா புது வரி. நம்ம வண்டிக்கு மூணும் ஆகஸ்ட்லயே முடிஞ்சிருச்சு."

மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 14-வது பிரிவு சொல்வதன் சாரம் இதுதான். வண்டியும் பில்லும் முன்பே கைக்கு வந்து, வங்கிக் கடன் பணம் மட்டும் தாமதமாகக் கடைக்குப் போயிருந்தாலும் பழைய வரிதான். ஆகஸ்ட் மாதம் போட்ட பில்லுக்கு உரிய வரியைக் கடைக்காரர் அரசுக்குச் செலுத்தியாக வேண்டும். அந்தப் பணத்தை அவர் தன் கல்லாவில் வைத்துக்கொள்ளவில்லை.

"அப்ப கோர்ட்டுக்குப் போனா?"

"விலை குறைஞ்சதுன்னு மட்டும் சொல்லிப் போனா நிக்காதுப்பா" என்றார் மகள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பொருளில் குறை, சேவையில் குறை, முறையற்ற வணிகம் போன்றவற்றுக்குப் பரிகாரம் தருகிறது. நல்ல பொருளை அன்றைய சரியான விலைக்கு விற்றுவிட்டு, பிறகு வரி இறங்கினால், அது இவற்றில் எதிலும் வராது. விற்பனையாளர் வாயால் சொன்ன "விலை ஏறும்" என்ற பேச்சுக்கும் சாட்சி இல்லை. "இந்த தேதிக்குள் விலை குறைந்தால் வித்தியாசத்தைத் தருவோம்" என்று பில்லிலோ விளம்பரத்திலோ எழுத்தில் இருந்திருந்தால் கதை வேறு. அதை வைத்துத் தைரியமாகக் கேட்கலாம். இவருடைய காகிதங்களில் அப்படி ஒரு வரியும் இல்லை.

கைக்கு வராத வண்டி

அந்த வீட்டில் இன்னொரு கணக்கும் இருந்தது. அவருடைய தங்கை வீட்டுக்காரர் செப்டம்பர் 1-ம் தேதி வேறொரு கடையில் 25,000 ரூபாய் முன்பணம் கட்டி, 7 லட்சம் அடிப்படை விலையுள்ள டிராக்டருக்குப் பதிவு செய்திருந்தார். வண்டி இன்னும் வரவில்லை. 7-ம் தேதி பௌர்ணமி முடிந்தால் மகாளய பட்சம். அந்தப் பதினைந்து நாளில் புது வண்டி எடுக்கும் வழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை. 21-ம் தேதி மகாளய அமாவாசை, மறுநாள் நவராத்திரி. புது வரியும் அன்றுதான். அதனால் அவர் கவலை இல்லாமல் இருந்தார்.

18-ம் தேதி அந்தக் கடையிலிருந்து போன் வந்தது. "அண்ணே, வண்டியை நீங்க நவராத்திரியில எடுத்துக்குங்க. பில்லை மட்டும் இன்னிக்குப் போட்டுடுறோம். பேங்க்லயும் சொல்லி லோன் பணத்தை நாளைக்கே வாங்கிக்கிறோம். இல்லேன்னா இந்த மாச ஆஃபர் போயிடும்."

தங்கை வீட்டுக்காரர் சரி என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார். வண்டி கைக்கு வருவது 22-க்குப் பிறகுதானே, புது வரிதானே வரும் என்று நினைத்தார். போனை வைத்ததும் வழக்கம்போல மச்சானிடம் ஒரு வார்த்தை சொல்ல வந்தார்.

"மாப்ளே, வேண்டாம்" என்று இவர் உடனே தடுத்தார். மகள் சொன்ன கணக்கு மனதில் பதிந்திருந்தது. பில்லும் பணமும் முன்னால் போய்விட்டால் மூன்றில் இரண்டு முன்னால். வண்டி எப்போது வந்தாலும் பழைய வரிதான். 84,000 ரூபாய் வரி. அதே வண்டிக்கு 22-ம் தேதி பில் போட்டு, அதற்குப் பிறகு டெலிவரி எடுத்தால் 35,000 ரூபாய். 49,000 ரூபாய் வித்தியாசத்துக்கு முன் அந்த ஆஃபர் பெரிய விஷயமில்லை. முன்பே கட்டிய 25,000 ரூபாயும் இதற்குத் தடையில்லை. பில்லும் டெலிவரியும் பின்னால் இருந்தால் போதும்.

"பில், லோன், டெலிவரி எல்லாம் 22-க்கு அப்புறம்தான். இல்லேன்னா முன்பணத்தைத் திருப்பிக் கொடுங்க" என்று தங்கை வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். கடைக்காரர் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டார். 24-ம் தேதி போட்ட பில்லை, செப்டம்பர் 1-ம் தேதி கொடுத்த கொட்டேஷனோடு வைத்துப் பார்த்தார்கள். அடிப்படை விலை அதே 7 லட்சம், வரி 5 சதவிகிதம். வரி இறங்கும் நேரத்தில் அடிப்படை விலையை ஏற்றிவிட்டால் குறைந்த வரியால் வாங்குபவருக்குப் பலன் இல்லை. அதைக் கண்டுபிடிக்கப் பழைய கொட்டேஷன் ஒன்றுதான் சாட்சி.

சட்டம் தராததைக் கேட்டு வாங்கலாம்

ஏற்கெனவே வண்டி எடுத்தவருக்கு என்ன வழி? பெட்டி பிரிக்காத பொருளாக இருந்தால் கடைக்காரரின் சம்மதத்தோடு திருப்பிக் கொடுத்துவிட்டு, அவர் கிரெடிட் நோட் போட்ட பிறகு புது பில்லில் வாங்க முயன்றிருக்கலாம். ஆன்லைனில் வாங்கிய பொருளுக்குத் திருப்பி அனுப்பும் அவகாசம் இருந்தால், அதற்குள் முடிவெடுக்கலாம். இவருடைய டிராக்டரோ ஆர்.டி.ஓ. பதிவு முடிந்து, கடன் கணக்கும் தொடங்கி, வயலிலும் இறங்கிவிட்டது. அந்த வழி அடைபட்டுவிட்டது.

கோபம் ஆறிய பிறகு மகளோடு கடைக்குப் போனார். "வரியைத் திருப்பிக் கேட்கலைங்க. அது உங்க கையில இல்லேன்னு தெரியும். அஞ்சு நாள் வித்தியாசத்துல 42,000 ரூபாய் போச்சு. அடுத்து ரோட்டவேட்டரும் வாங்கப் போறேன். உங்களால என்ன செய்ய முடியும்னு சொல்லுங்க" என்றார். உரிமையாளர் யோசித்துவிட்டு, டிராக்டருக்கு மேற்கூரை ஒன்றும், வேலைக்கூலி இல்லாமல் இரண்டு கூடுதல் சர்வீஸும் தருவதாகச் சொன்னார். மகள் அதைக் கடையின் லெட்டர்பேடில் எழுதி, முத்திரையோடு வாங்கிக்கொண்டார்.

ரோட்டவேட்டரை முதலில் செப்டம்பர் நடுவில் வாங்குவதாகத்தான் இருந்தார். அதற்கும் வரி 12-லிருந்து 5-க்கு இறங்குகிறது. 1,10,000 ரூபாய் கருவிக்கு 7,700 ரூபாய் மிச்சம். எனவே, 22-க்குப் பிறகு என்று தள்ளிவைத்தார். கேஜ் வீலை வைத்தே சம்பா சேற்றுழவை முடித்தார்.

அந்த உழவுக் கணக்கைத்தான் வீட்டம்மா ஒருநாள் எடுத்துப் பேசினார். "போனதையே சொல்லிட்டு இருக்கீங்களே, வந்ததையும் எழுதிப் பாருங்க." எழுதிப் பார்த்தார்கள். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 21 வரை 24 நாளில், வெளி வயலுக்கு 62 மணி நேரம் ஓடியிருந்தது. மணிக்கு 1,000 ரூபாய் வீதம் 62,000. டீசலுக்கு 25,000 போக 37,000 ரூபாய் கையில் நின்றது. சொந்த ஐந்து ஏக்கரையும் பிறர் வண்டிக்குக் காத்திருக்காமல், நாற்று முற்றுவதற்கு முன்பே உழுதாகிவிட்டது. ஒரு மாதம் காத்திருந்தால் 42,000 மிஞ்சியிருக்கும், ஆனால் இந்த வருமானம் வந்திருக்காது. உடனே வேலை இருக்கிற கருவியைப் பருவத்தில் வாங்குவது நஷ்டமில்லை. வேலையே இல்லாமல் கொட்டகையில் நிறுத்திவைக்கப் போவதை அவசரப்பட்டு வாங்குவதுதான் நஷ்டம்.

எப்போது புகார் செய்யலாம்?

வரி இறங்கிய பிறகும் பழைய வரியைப் போட்டால், பில் தர மறுத்தால், அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் வாங்கினால், எழுத்தில் தந்த வாக்கை மீறினால் சும்மா இருக்க வேண்டியதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. புது வரி வந்தபோது ஜி.எஸ்.டி. புகார்களுக்கென்றே அங்கு தனிப் பிரிவு தொடங்கினார்கள். அங்கு தீராவிட்டால், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. அதற்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாய். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கிய டிராக்டர் என்றால், விவசாயியும் நுகர்வோர்தான்.

ரோட்டவேட்டருக்கு முன்பணம் கட்டியபோது அந்த விவசாயி ரசீதில் ஒரு வரி எழுதச் சொன்னார்: "டெலிவரிக்கு முன் விலையோ வரியோ குறைந்தால், குறைந்த தொகையே வசூலிக்கப்படும்." கடைக்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த ரசீதைப் படம் எடுத்துத் தங்கை வீட்டுக்காரர் உழவர் குழு வாட்ஸ்அப்பில் போட்டார். அந்தச் சுற்றுவட்டாரத்தில் இப்போது முன்பணம் கட்டுகிறவர்கள் அந்த வரியை எழுதி வாங்காமல் கடையை விட்டு இறங்குவதில்லை.