பாட்டனாரின் துப்பாக்கி

தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்குத் துப்பாக்கி எதற்கு என்று நம்மைக் கேட்காதவர்கள் இல்லை. நியாயமான கேள்விதான். கொழுந்து எடை எழுதுவதும், செக்ரோல் புத்தகத்தில் பேர் பதிவதுமாக ஆனைமலை மேட்டில் காலந்தள்ளும் நமக்கு அதனால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. ஆயினும் மூன்று தலைமுறையாக நமது வீட்டில் இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று இருந்து வருகிறது. அதன் உரிமம் பாட்டனாரிடமிருந்து தகப்பனாருக்கும், அவருக்குப் பின் நமக்கும் முறைப்படி மாறி வந்தது. துப்பாக்கியோடு ஒரு கதையும் மாறி வந்தது. பெரட்டுக் களத்தில் புகுந்த சிறுத்தையைப் பாட்டனார் தனியே எதிர்த்து நின்றார் என்றும், அந்த வீரத்தை மெச்சிய வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்புகையில் துப்பாக்கியைப் பரிசளித்தார் என்றும், அதன் கட்டையில் இடப்பக்கம் விரல் நீளத்துக்குள்ள வடு சிறுத்தையின் நகம் கீறியது என்றும் சொல்லுவார்கள். பிள்ளைப் பருவத்தில் அந்த வடுவை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் நாம் உறங்கப் போவது வழக்கம்.

இருபது வயதில் இத்துப்பாக்கிக்கு நாம் செய்த கேட்டை இங்கே சொல்லிவிட வேண்டும். குழல்களைக் கழற்றி, அவற்றின் அடியிலிருந்த தட்டையான பாகத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினோம். அழுக்கு என்று நாம் நினைத்துத் தேய்த்தது அழுக்கல்ல; பர்மிங்காம் நகரத்துச் சோதனைச் சாலையின் முத்திரைகள். ஆங்கிலப் பள்ளியில் படித்தவர்கள் என்ற கர்வம் நமக்கு இருந்தது. மேல்பட்டையில் பொறித்திருந்த ஆங்கிலத்தைப் படித்துவிட்டபடியால் துப்பாக்கியையே படித்துவிட்டதாக நினைத்துக்கொண்டோம். அதில் இருந்ததோ கல்கத்தா ஆர். பி. ராடா கம்பெனியின் பெயர். அது விற்றவர்களின் பெயர் என்பதும், இப்படிக் கல்கத்தாவில் விற்பனையான துப்பாக்கிகளில் பல பெயர் தெரியாத பர்மிங்காம் தொழிலாளிகள் செய்தவை என்பதும் பின்னர்தான் தெரிய வந்தது. இதே ராடா கம்பெனிக்கு வந்த சரக்கிலிருந்து 1914ஆம் வருஷம் ஆகஸ்டு 26ந் தேதி ஐம்பது மௌசர் கைத்துப்பாக்கிகளையும் 46,000 தோட்டாக்களையும் வங்காளப் புரட்சிக்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள் என்பது சரித்திரம்.

மிஞ்சிய முத்திரைகளைப் பூதக்கண்ணாடியின் உதவியால் படித்தோம். கிரீடத்தின் கீழ் பி.பி., பி.வி., என்.பி. என்ற எழுத்துக்கள். இவை 1904 முதல் 1954 வரை பர்மிங்காமில் இட்ட முத்திரைகள். கடைசியில் சொன்னது புகையில்லா மருந்துக்கும் குழல் தாங்கும் என்பதற்கு அடையாளம். வைரக்கட்டத்துக்குள் 28 என்ற எண்ணும் இருந்தது. ஒரு பவுண்டு ஈயத்தை 28 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ அவ்வளவே குழலின் உள்வாய். சுமார் 14 மில்லிமீட்டர். எண் பெருகப் பெருக வாய் சிறுக்கும். எல்லாரும் அறிந்த 12ஆம் நம்பர் துப்பாக்கியின் வாய் பதினெட்டரை மில்லிமீட்டர். ஆகவே நம்முடையது காடை, கௌதாரிக்கென்று செய்யப்பட்ட சிறுவாய்த் துப்பாக்கி. இதைக் கையில் பிடித்துக்கொண்டு சிறுத்தையை எதிர்ப்பவர் மகா வீரராகவோ மகா மூடராகவோதான் இருக்க வேண்டும். கதையின்மேல் நமக்குச் சந்தேகம் உண்டானது இங்கேதான். 1921க்குப் பிறகு அச்சாலையில் வருஷத்தைக் குறிக்கும் எழுத்து ஒன்றைச் சிறு வட்டத்துக்குள் இட்டு வந்தார்கள். அந்த எழுத்து இருந்திருக்கக்கூடிய இடத்தில் நமது உப்புத்தாளின் பளபளப்பு மாத்திரமே இருக்கிறது.

மற்ற வேலைகளை அவசரமின்றிச் செய்தோம். குழல்களை நூலில் தொங்கவிட்டுச் சுண்டிப் பார்த்தபோது கோவில் மணிபோல் நாதம் எழுந்தது; இணைப்பு விட்டிருந்தால் ஓட்டைப்பானைச் சத்தம்தான் வரும். கட்டையில் ஊறிக் கறுத்திருந்த பழைய எண்ணெயைச் சுண்ணாம்புத்தூள் அப்பி நாள்கணக்கில் இழுத்தோம். நெளிவு விழுந்த இடங்களில் ஈரத்துணியை விரித்துச் சூடான இஸ்திரிப் பெட்டியை ஒற்றினோம். அமுங்கிய மரநார் ஆவி பட்டதும் பூரித்து எழுந்துவிடும். ஐந்தாறு பள்ளங்கள் அப்படியே மறைந்தன. சிறுத்தை நகம் மட்டும் அசையவில்லை. ஆவிக்கு எழுவது அமுங்கிய நார். அறுபட்ட நார் எழாது. தவிரவும், நகம் கீறினால் இரண்டு மூன்று கோடுகளாகப் பிசிறிட்டுக் கிழியும். இது ஒரே கோடு, நேர்கோடு, ஒரு முனையில் ஆழம்.

இந்த நிலையில்தான் சென்ற வருஷம் உறவினர் கல்யாணத்துக்காகச் சிங்கப்பூர் செல்ல நேர்ந்தது. துப்பாக்கியின் படங்களை மாத்திரம் எடுத்துப்போனோம். அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தாலே ஐந்து முதல் பத்து வருஷச் சிறையும், ஆறுக்குக் குறையாத பிரம்படியும். குற்றம் செய்யும் எண்ணத்தோடு சுட்டால் மரணம். 1973இல் பிறந்த சட்டம் இது. வெற்றுத் தோட்டாக்கூடு எதுவும் துணிக்குள் ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று நமது மனைவியார் பெட்டியை மூன்று முறை கவிழ்த்துப் பார்த்தார்.

பாட்டனாரின் தம்பி, நமது சின்னத் தாத்தா, தேக்காச் சந்தைக்குப் பக்கத்தில் பஃபலோ ரோட்டு அடுக்குவீட்டில் இருக்கிறார். தொண்ணூறை எட்டிவிட்ட போதிலும் காலையில் சிராங்கூன் ரோடு நெடுக நடந்து தேநீர் குடித்துவிட்டுத்தான் பத்திரிகையைப் பிரிப்பார். 1952இல் கப்பலேறியவர் பல வருஷம் அண்ணனுக்கு ஒரு கடிதமும் எழுதவில்லை. ஏன் என்பதை வீட்டில் யாரும் சொன்னதில்லை.

முதல் நாள் அவர் நம்மை ராஃபிள்ஸ் ஹோட்டலைக் காட்ட அழைத்துப் போனார். 1902இல் அங்கே ஒரு புலியைச் சுட்டார்கள். பில்லியார்ட்ஸ் மேஜைக்கு அடியில் பதுங்கியிருந்த காட்டுப்புலி என்று ஊரார் சொல்லுவது. உண்மையில் அது காட்சிக் கூண்டிலிருந்து தப்பி வந்த புலி. பதுங்கியது தூண்கள்மேல் கட்டிய அந்தக் கட்டடத்தின் தளத்துக்கடியில். சுட்டவர் ராஃபிள்ஸ் பள்ளித் தலைமையாசிரியர் பிலிப்ஸ். சின்னத் தாத்தா இதைச் சொல்லிச் சிரித்துவிட்டு, "உங்கள் வீட்டுச் சிறுத்தை சௌக்கியமா, தம்பி?" என்றார்.

நாம் படத்தைக் காட்டினோம். கண்ணாடியைத் துடைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இது கவ்வாத்துக் கத்தி வெட்டு" என்றார்.

1951இல் அரிசிப் படி குறைந்ததற்காகத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்ததாம். பெரட்டுக் களத்தில் கூடிய ஆட்களைக் கலைக்கத் துரை தாம் வராமல் கணக்கப்பிள்ளையிடம் துப்பாக்கியைக் கொடுத்தனுப்பினார். உரிமம் துரையின் பெயரில். கை நமது பாட்டனாருடையது. முன்வரிசையில் நின்ற ஓர் ஆளின் மார்புக்கு நேரே அவர் குழலை நீட்ட, அவன் மனைவி கையிலிருந்த கத்தியால் கட்டையில் ஓங்கி வெட்டித் தள்ளினாள். மறுநாள் அந்தக் குடும்பத்தைச் சீட்டுக் கிழித்துக் கீழே இறக்கிவிட்டார்கள். சின்னத் தாத்தாவுக்கு அப்போது பதினாறு வயது. களத்தின் ஓரத்தில் நின்று பார்த்தாராம்.

"துப்பாக்கியில் தோட்டா இருந்ததா, தாத்தா?" என்று கேட்டோம். பாட்டனார்மேல் நமக்குள்ள பிரியம் அப்படிக் கேட்க வைத்தது.

"எதிரில் நின்றவர்களுக்கு அது தெரியுமா, தம்பி?" என்றார் அவர்.

சற்றுப் பொறுத்து, மலாயாத் தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். கணபதி கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4ந் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதாவது, ஒரு தமிழன் கையிலிருந்த துப்பாக்கிக்குத் தூக்குக் கயிறு கிடைத்து இரண்டு வருஷம் ஆவதற்குள், கடலுக்கு இக்கரையில் இன்னொரு தமிழன் கையில் துரையே துப்பாக்கியைக் கொடுத்து, பிற்பாடு அதைப் பரிசாகவும் விட்டுப் போயிருக்கிறார். சின்னத் தாத்தா இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றும் சொல்லவில்லை. "நான் கப்பலேறி வந்தபோது இங்கே நம்மவர்கள் அவரைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அண்ணனை நினைத்துக்கொள்வேன்" என்றார். அவ்வளவுதான்.

புறப்படும் நாளில், வடுவை அடைக்கப் போகிறோமா என்று கேட்டார். நாம் பதில் சொல்லவில்லை.

ஊர் திரும்பியதும், பூட்டு விசையைச் சரிபார்க்கத் துப்பாக்கியைக் கோயமுத்தூரில் உரிமம் பெற்ற தொழிலாளியிடம் கொண்டுபோனோம். அவர் கெட்டிக்காரர். மரத்தூளும் அரக்கும் குழைத்து வைத்தால் வெட்டு இருந்த இடமே தெரியாது என்றும், அரைநாள் வேலை என்றும் சொன்னார். வேண்டாம் என்றோம். "அழகு கெட்டுக் கிடக்கிறதே, ஐயா" என்றார். அந்த வேலைக்குப் போட்டிருந்த தொகையைச் சீட்டில் அடித்துவிட்டு, ஆளிவிதை எண்ணெய் மட்டும் பூசித் தந்தார். எண்ணெய் ஊறியபின் கட்டை முழுவதும் தேன் நிறம் கொண்டது. அறுபட்ட நார் அதிகமாக எண்ணெய் குடித்தபடியால் வடு முன்னிலும் கறுத்துத் தெரிகிறது. புதிதாக ஒரு படம் எடுத்துச் சின்னத் தாத்தாவுக்கு அனுப்பினோம். அந்தப் பெண்ணின் பெயர் அவருக்கு ஞாபகம் இருக்கிறதா என்றும் எழுதிக் கேட்டிருக்கிறோம்.