கனிக்கும் மூச்சு உண்டு

 

உங்கள் வீட்டுச் சமையலறையில், இறுக முடிச்சிட்ட பாலிதீன் பை ஒன்று இந்நேரம் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கலாம். அதற்குள் கொத்தமல்லிக் கட்டோ கொய்யாப் பழமோ இருக்கலாம். இந்தக் கட்டுரையைப் படித்து முடித்ததும் எழுந்து சென்று அந்த முடிச்சை அவிழ்த்துவிடுவீர்களானால், எழுதியதன் பயனை நான் அடைந்தவனாவேன். ஏன் இப்படிக் கேட்கிறேன் என்பதற்குப் பின்னால் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. அது என் தவற்றின் கதை.

2024ஆம் ஆண்டு ரமலான் மாதம். எங்கள் மதரஸாவில் நாற்பது பிள்ளைகள் தங்கி ஓதுகிறார்கள். பிறை பத்தைக் கடந்த ஒரு வியாழக்கிழமை மாலை, ஊர்ப் பழவணிகர் ஒருவர் பிள்ளைகளின் நோன்பு திறப்புக்கென்று கொய்யாவும் கறுப்புத் திராட்சையுமாக நான்கு பெட்டிகள் அனுப்பியிருந்தார். மறுநாள் வெள்ளிக்கிழமை வேறொரு வீட்டாரின் விருந்து முன்பே ஏற்பாடாகியிருந்ததால், பழங்களைச் சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். பிள்ளைகளுக்குள் கூடக்குறைய வந்துவிடக் கூடாது என்ற எண்ணத்தில், அன்றிரவே நாற்பது பங்குகளாகப் பிரித்து, நாற்பது பாலிதீன் பைகளில் போட்டு, ஈயும் எறும்பும் அண்டாதவாறு இறுக முடிச்சிட்டுத் தகரக் கூரை வேய்ந்த பண்டக அறையில் அடுக்கிவைத்தேன். கடமையைச் சரிவர முடித்துவிட்ட நிம்மதியுடன் உறங்கியும் போனேன்.

சனிக்கிழமை அஸருக்குப் பின் அறையைத் திறந்தபோது என் நெஞ்சு பதைத்தது. பைகளின் உட்புறமெல்லாம் வியர்த்து நீர்த்துளிகள் கோத்திருந்தன. திராட்சையில் பூஞ்சணம் படர்ந்திருந்தது. கொய்யா குழைந்து கிடந்தது. ஒரு முடிச்சை அவிழ்த்தேன். குப்பென்று எழுந்தது புளித்த வாடை. எந்த வாடையை அண்டவிடக் கூடாதென்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேனோ, அந்த வாடை.

யாருக்கும் தெரியாமல் கொல்லைப்புறக் குழியில் கொட்டி மூடிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. பைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது, ஒளுச் செய்ய வந்த பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் பார்த்துவிட்டான். அவன் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"உஸ்தாத், இது நமக்கு ஸதகாவா வந்ததுதானே? அப்ப இதுக்குக் கணக்கு யாரு சொல்றது?"

அன்று பிள்ளைகள் பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியும் அருந்தி நோன்பு திறந்தார்கள். ஒருவரும் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் கஞ்சி தொண்டைக்குள் இறங்கவில்லை. தராவீஹ் முடிந்ததும் நேராகப் பழவணிகரின் கடைக்குச் சென்று நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. மெல்லச் சிரித்தார்.

"ஹஜ்ரத், பழத்தோட கழுத்தைப் புடிச்சு முடிச்சுப் போட்டுட்டீங்களே! பறிச்ச பிறகும் அது மூச்சு விட்டுக்கிட்டுதான் இருக்கும்" என்றார்.

வாசகர்களே, அந்த ஒரு வார்த்தை என்னைப் பல நாட்கள் தூங்கவிடவில்லை. நான் கலைப் பட்டதாரி, அறிவியல் படித்தவனல்லன். எனினும் விசாரித்தும் படித்தும் நான் தெரிந்துகொண்டவற்றை உங்களுடன் பகிர்ந்துகொள்வது கடமை என்று கருதுகிறேன்.

மரத்திலிருந்து பறித்ததும் கனி இறந்துவிடுவதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை உள்ளிழுத்து, தன்னிடமுள்ள சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்து, கரியமில வாயுவையும் நீராவியையும் வெப்பத்தையும் வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. வெப்பம் பத்து டிகிரி கூடினால் இந்த மூச்சின் வேகம் இரண்டு மடங்கு, மூன்று மடங்காகிறது. மூச்சு வேகமானால் முதுமையும் விரைகிறது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடு. கனியைச் சூழ்ந்த காற்றில் அது 2 முதல் 5 விழுக்காடு வரை குறைந்தால், பல கனிகள் மெதுவாக மூச்சு விட்டு நெடுநாள் நிலைக்கின்றன. அதற்கும் கீழே போய்க் காற்றே அற்றுவிட்டாலோ, கனி வேறு வழியின்றித் தன் சர்க்கரையைச் சாராயமாக மாற்றத் தொடங்குகிறது. என் பைகளில் எழுந்த வாடையின் காரணம் இதுதான். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கிட், வெஸ்ட் என்னும் இரு அறிஞர்கள் 1920-களில் ஆப்பிள்களை வைத்து ஆராய்ந்து, இந்தக் காற்றுக் கணக்குக்கு அடிப்படை அமைத்தார்கள்.

இதைப் படித்தபோது, ஆண்டுதோறும் நான் நடத்தும் ஒரு பாடம் நினைவில் வந்து நின்றது. மிஷ்காத்தின் தொடக்கத்திலேயே வரும் அப்துல் கைஸ் தூதுக்குழுவின் ஹதீஸ் அது. பேரீச்சையும் திராட்சையும் ஊறவைத்த பானத்திற்கு நான்கு வகைப் பாத்திரங்களைப் பயன்படுத்த வேண்டாமென்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அக்குழுவினரைத் தடுத்தார்கள். சுரைக்குடுக்கை, மெருகிட்ட மண்சாடி, குடைந்த மரக்கட்டை, கீல் பூசிய கலம் என்பவையே அந்நான்கு. தோல் துருத்தியை ஏன் தடுக்கவில்லை என்பதற்கு இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் விளக்கம் தருகிறார்கள். அந்த நான்கிலும் பானம் விரைவில் போதையேறிவிடும், அருந்துபவருக்கோ தெரியாது. துருத்தி மெல்லியது, உள்ளே மாற்றம் நேர்ந்தால் அது மறைந்திருக்க முடியாது. பிற்காலத்தில் போதை தருவது மட்டுமே தடை என்றாகி, பாத்திரங்களைப் பற்றிய தடை நீக்கப்பட்டது என்பதையும் நாம் அறிவோம். நபிமொழிக்கு அறிவியல் முலாம் பூசுவது என் நோக்கமன்று. ஓர் உணவு எதனுள் இருக்கிறது என்பதும் கவனிக்க வேண்டிய காரியம் என்ற பாடத்தை இத்தனை ஆண்டுகள் வாயால் மட்டுமே நடத்தியிருக்கிறேன் என்று வெட்கப்பட்டேன். அவ்வளவுதான்.

நம் முன்னோர்கள் இதை அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். ஆப்கானிஸ்தானத்தில், காபூலுக்கு வடக்கேயுள்ள சிற்றூர்களில் 'கங்கினா' என்றொரு முறை இன்றும் இருக்கிறது. களிமண்ணில் வைக்கோல் கலந்து பிசைந்து, இரண்டு கிண்ணங்கள் வனைந்து வெயிலில் காயவைக்கிறார்கள். ஒன்றிரண்டு கிலோ நல்ல திராட்சைகளை, அடிபட்டதோ வெடித்ததோ ஒன்றுகூட இல்லாமல் பொறுக்கி அதில் வைத்து, இரு கிண்ணங்களையும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கவிழ்த்து ஈரமண்ணால் பூசி மூடிவிடுகிறார்கள். குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைத்தால், இலையுதிர் காலத்தில் பறித்த திராட்சை மார்ச் மாத நவ்ரோஸ் வரை, ஏறக்குறைய ஆறு மாதம், வாடாமல் இருக்கிறது. மின்சாரம் இல்லை; செலவும் இல்லை; உடைத்தெறிந்தால் மண் மண்ணோடு சேர்ந்துவிடுகிறது. நம் நாட்டிலும் வெற்றிலையும் பூவும் வாழையிலைச் சுற்றுக்குள் பயணம் செய்தன. பண்டங்கள் பனையோலைக் கொட்டான்களிலும் பெட்டிகளிலும் வீடு வந்து சேர்ந்தன. ஈரத்தை அடக்கி வியர்க்கவிடாத உறைகள் அவை.

பாலிதீன் வந்தது, வசதியும் வந்தது. அது நீராவியை எளிதில் வெளியே விடாது. காற்றையும் கனியின் தேவைக்கேற்ப விடாது. மண்ணில் போட்டால் தலைமுறைகள் கடந்தும் மக்காது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை இருக்கிறது. அதை மீறி அந்த நாற்பது பைகளையும் மதரஸாவுக்குள் கொண்டுவந்த குற்றமும் என்னுடையதே.

இன்று உலகெங்கும் ஆய்வாளர்கள், மூச்சுவிடும் உறையையும் மண்ணில் மக்கும் உறையையும் ஒன்றாக்க முயன்று வருகிறார்கள். உறைக்குள் காற்று வருவதும் போவதும் அந்தந்தக் கனியின் மூச்சோடு ஒத்திருக்க வேண்டும். இதுவே இக்கலையின் சூட்சுமம். இதற்காக மெல்லிய தாளில் லேசர் ஒளியால் தலைமுடிப் பருமனளவே உள்ள நுண்துளைகளை இடுகிறார்கள். ஸ்விட்சர்லாந்துக்காரரான பிராண்டன்பெர்கர் 1908-இல் மரக்கூழிலிருந்து உருவாக்கிய செலோபேன் தாள், மேற்பூச்சு இல்லாதவரை நீராவியை வெளியே விடும்; மண்ணிலும் மக்கும். அதனால் அது மீண்டும் மதிப்புப் பெறுகிறது. மக்காச்சோளத்தின் சர்க்கரையிலிருந்து எடுக்கும் பாலிலாக்டிக் அமிலத் தாளும் பாலிதீனைவிட நன்றாக நீராவியை வெளியே விடுகிறது. ஆனால் அது மக்குவதற்கு ஏறக்குறைய 60 டிகிரி வெப்பமுள்ள உரக்கூடம் வேண்டும். 'மக்கும் பை' என்று அச்சிட்டிருக்கிறதே என்று தெருவில் வீசினால் அதுவும் குப்பைதான்.

நமக்கு நெருக்கமான செய்தியொன்றும் உண்டு. கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும், கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகமும், கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனமும் 2010-களில் கூடி உழைத்தன. தாவரங்களில் இயற்கையாகவே ஊறும் ஹெக்சனால் என்னும் பொருள், கனியின் தோல் தளர்வதைத் தாமதப்படுத்துகிறது. வெட்டிய புல்லின் பசுமணத்தில் கலந்திருப்பதும் அதுவே. அதை மாங்கனிகளுக்குத் தெளித்துப் பார்த்தார்கள். கொழும்பில், எறிந்துவிடும் வாழைநாரைத் தாளாக்கி, அதில் ஹெக்சனாலை ஏற்றிக் கனிகளைச் சுற்றும் உறையாக்கினார்கள். வீணாகும் ஒன்று, வீணாகவிருக்கும் மற்றொன்றைக் காக்கிறது. சுப்ஹானல்லாஹ்!

இவ்வளவு பாடுபடுவது எதற்காக? ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் வீணான உணவு 105 கோடி டன். அதில் ஏறக்குறைய 63 கோடி டன், கடைகளிலோ விடுதிகளிலோ அன்றி, வீடுகளிலேயே வீணானது. உங்கள் வீடும் என் மதரஸாவும் சேர்ந்ததுதான் இந்தக் கணக்கு. வீண்விரயம் செய்வோரை அல்லாஹ் நேசிப்பதில்லை என்பதை நாம் மிம்பர்களில் கேட்கிறோம், அடுக்களையில் மறந்துவிடுகிறோம்.

நாம் செய்யக்கூடியது பெரிதொன்றுமில்லை. பழங்களை முடிச்சிட்டு வைக்காதீர்கள். ஓலைப் பெட்டியிலோ கூடையிலோ பரப்பி, நிழலான இடத்தில் வையுங்கள். திராட்சையை உண்ணும் நேரத்தில் கழுவுங்கள்; முன்னதாகக் கழுவி ஈரத்தோடு வைக்க வேண்டாம். கீரையையும் கொத்தமல்லியையும் சற்றே ஈரமான பருத்தித் துணியில் சுற்றுங்கள். பழுத்த வாழைப்பழத்தின் அருகில் கீரையை வைக்காதீர்கள். பழம் விடும் எத்திலீன் என்னும் வாயு இலைகளை விரைவில் மஞ்சளாக்கிவிடும். அழுகிய ஒன்றைக் கண்டால் அந்நேரமே அகற்றிவிடுங்கள்.

இறுதியாக, அந்தச் சிறுவனின் கேள்விக்கு வருகிறேன். அமானிதப் பொருள் அலட்சியமின்றி அழிந்தால் காத்தவர்மீது ஈடு இல்லை. அலட்சியத்தால் அழிந்தால் உண்டு என்பது நம் சட்டநூல்கள் கூறும் விதி. அறியாமை அலட்சியமாகுமா? நெடுநேரம் யோசித்தேன். கேட்டால் ஒரு நொடியில் சொல்லியிருக்கக்கூடிய பழவணிகர் ஒரு தெரு தள்ளித்தான் இருந்தார். நான் கேட்கவில்லை. எனவே என் ஊதியத்திலிருந்து அதே அளவு பழங்களை வாங்கினேன். வணிகர் விலை குறைக்க முன்வந்தார், நான் ஒப்பவில்லை. அடுத்த தெருவில் பனையோலை முடையும் மூதாட்டியிடம் பெட்டிகள் வாங்கிப் பரப்பி வைத்தோம். இரண்டு நாள் கழித்து நோன்பு திறக்கும் வேளையில், முதல் கொய்யாவை அந்தச் சிறுவன் கையில் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

வாசகர்களே, நேற்றுவரை நானும் நீங்களும் அறியாதவர்களாக இருந்திருக்கலாம். இனி அப்படிச் சொல்லித் தப்ப முடியாது. நமக்கு அளிக்கப்பட்ட ஒவ்வொரு கனியும் மூச்சுள்ள அமானிதம். அதை அறிந்து பேணும் நல்லறிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.

அந்த முடிச்சை மறந்துவிடாதீர்கள்.