உதயம் பார்க்கலாம், கணுக்கால் நனைக்கலாம்... பெசன்ட் நகர் பீச்சில் ஒரு நாள்!

வெளியூர் விருந்தாளி வந்தால் மெரினா. வீட்டு ஆட்கள் மட்டும் கிளம்பினால் பெசன்ட் நகர். தென்சென்னைக் குடும்பங்கள் பலவற்றில் இது எழுதாத சட்டம். மெரினா அளவுக்கு மணலில் நடக்க வேண்டியதில்லை, சாலையைக் கடந்தால் சாப்பாடு, தாத்தா பாட்டிக்கு உட்கார நடைபாதைச் சுவர். பிரிட்டிஷ் காலத்தில் மெட்ராஸின் தலைமை மாஜிஸ்திரேட்டாக இருந்த எட்வர்ட் எலியட் பெயரால் ‘எலியட்ஸ் பீச்’ ஆன இடம், இன்றைய பிள்ளைகள் வாயில் செல்லமாக ‘பெஸ்ஸி’.

ஆனால், பெரும்பாலானவர்கள் இங்கே போகும் நேரம்தான் தப்பு. ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு ஊரே கிளம்பும்போது நாமும் கிளம்பினால், வண்டி நிறுத்த இடம் தேடியே அரை மணி நேரம் போய்விடும். போதாக்குறைக்கு, “சன்செட் எங்கேப்பா?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். கிழக்குப் பார்த்த கடற்கரையில் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால், அடுக்குமாடிகளுக்கு நடுவில்தான் மறையும். இங்கே பார்க்க வேண்டியது உதயம்.

மே, ஜூன் மாதங்களில் காலை 5.45-க்கு முன்பே சூரியன் எட்டிப்பார்த்துவிடும். ஜனவரி கடைசியில் என்றால் 6.30 தாண்டும். அதற்கு அரை மணி நேரம் முன்னால் மணலில் இருந்தால், வானம் சாம்பலிலிருந்து செம்மைக்கு மாறுவதை முழுசாகப் பார்க்கலாம். பஸ் என்றால் பெரம்பூரிலிருந்து 29சி, வடபழனியிலிருந்து 5இ, அயனாவரத்திலிருந்து 23சி என எல்லாமே பெசன்ட் நகர் டெர்மினஸுக்கு வரும். அங்கிருந்து கடல் நடக்கிற தூரம்தான்.

விடிந்த பிறகு வடக்குப் பக்கம் நடந்தால் ஆல்காட் குப்பம், அதற்கு அப்பால் ஊரூர் குப்பம். மீனவர்களுக்கு அது வீடும் வேலையிடமும். காலையில் கரையேறிய படகுகளைச் சுற்றி வலையிலிருந்து மீன் பிரித்துக்கொண்டிருப்பார்கள். சங்கரா, நெத்திலி, நண்டு என்று அன்றைக்குக் கடல் கொடுத்தது அங்கேயே விலைக்கு வரும். “என்னக்கா, இவ்ளோ சொல்றீங்க?” என்று பேரம் பேசலாம், தப்பில்லை. வலையை மிதித்துக்கொண்டு செல்ஃபி எடுப்பதுதான் தப்பு. இன்னும் வடக்கே போனால் அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரம். பாதியில் முறிந்து நிற்கும் ‘உடைந்த பாலம்’ சினிமாவில் அழகாகத் தெரியும். குழந்தைகளோடு அதன்மேல் ஏறும் ஆசையை விட்டுவிடுவது நல்லது.

கடற்கரையின் நடுவில் மணலில் தனியாக நிற்கிறது வெள்ளை வளைவு. கார்ல் ஷ்மிட் நினைவிடம். காதலர்கள் சாய்ந்து நிற்க, பையன்கள் கிரிக்கெட் ஸ்டம்ப் மாதிரி பயன்படுத்த, பாடல் காட்சிக்குப் பின்னணியாக என எல்லாவற்றுக்கும் அது உதவியிருக்கிறது. ஆனால், அது எதற்காக நிற்கிறது என்று படித்துப் பார்ப்பவர்கள் குறைவு. 1930 டிசம்பர் 30 அன்று இந்த இடத்துக்கு அருகே கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்ற இறங்கி, தானே மூழ்கிப்போன டென்மார்க் மாலுமியின் நினைவுச் சின்னம் அது. காப்பாற்றப் போனவர் கடலோடு பழகிய மாலுமி. அவரையே இந்தக் கடல் விடவில்லை என்றால், நீச்சல் குளத்தில் ஒரு கோடை முழுக்க கோச்சிங் போன நம் வீட்டுப் பையனை மட்டும் விட்டுவிடுமா?

இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. இந்தக் கரையின் குணம் அப்படி. கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே தரை சட்டென்று ஆழமாகும் இடங்கள் உண்டு. முழங்கால் தண்ணீர் என்று நினைத்து அடுத்த அடி வைத்தால் இடுப்பு வரை இறங்கும். இன்னொன்று, இழுப்பு நீரோட்டம். அலைகள் கரைக்குத் தள்ளிக்கொண்டு வரும் தண்ணீர் எப்படியாவது திரும்பிப் போயாக வேண்டும். மணல் மேடுகளுக்கு இடையே பள்ளம் கிடைத்தால், அதன் வழியே குறுகலான ஆறு மாதிரி வேகமாகக் கடலுக்குள் ஓடும். விபரீதம் என்னவென்றால், அந்த இடத்தில் அலை அதிகம் உடையாது. பார்க்க அமைதியாக இருக்கும். “இங்கே அலையே இல்ல, பாப்பாவை இங்கே விடலாம்” என்று பெற்றோர் தேர்ந்தெடுப்பது பல நேரம் அந்த இடமாகவே அமைந்துவிடும். இரண்டு பக்கமும் நுரை பொங்க, நடுவில் மட்டும் கலங்கலாகவோ கருமையாகவோ ஒரு பட்டை தெரிந்தால், நுரையும் குப்பையும் கடலை நோக்கிப் போனால், அங்கே கால்கூட நனைக்க வேண்டாம்.

யாராவது சிக்கிக்கொண்டால்? அந்த நீரோட்டம் ஆளைக் கீழே அழுத்தாது, வெளியேதான் இழுக்கும். கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப்போவதுதான் உயிரைப் பறிக்கிறது. மல்லாந்து மிதந்து, கையைத் தூக்கி உதவி கேட்டு, முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் இழுப்பின் பிடி தளரும். பிறகு சாய்வாகக் கரைக்கு வரலாம். கரையில் நிற்கும் அண்ணனோ அப்பாவோ அப்படியே குதிப்பதால்தான் ஒன்று இரண்டாகிறது. ஃபுட்பால், மூடிய காலி கேன், கயிறு என்று மிதக்கவோ பிடிக்கவோ உதவும் எதையாவது வீசிவிட்டு, பக்கத்தில் உள்ள மீனவர்களைக் கத்திக் கூப்பிட வேண்டும். 112, 108 இரண்டும் எல்லோர் போனிலும் இருக்கட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடலைத் தூரத்தில் இருந்து பார்த்தாலே போதும். மற்ற மாதங்களில் கணுக்கால்தான் எல்லை. அப்போதும் அலைக்கு முதுகைக் காட்டி நிற்கக் கூடாது. நனைந்த புடவையும் ஜீன்ஸும் நினைப்பதைவிட கனம்.

அந்த நினைவிடத்துக்கு ஓர் உபயோகமும் இருக்கிறது. கூட்டத்தில் பிரிந்துவிட்டால் “வெள்ளை வளைவுகிட்ட வந்து நில்லு” என்று வந்தவுடனே குழந்தையிடம் சொல்லிவிடலாம். சின்னக் குழந்தை என்றால் கையில் பேனாவால் அம்மா நம்பரை எழுதிவிடுங்கள். நூறு அறிவுரைக்கு அது சமம்.

வெயில் ஏறியதும் மணலை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். கோடையில் பதினொரு மணி மணலில் வெறுங்காலோடு நடக்க முடியாது. சுடச்சுட இட்லி, பொங்கல், ஃபில்டர் காபி என்று தெருவுக்குத் தெரு கிடைக்கும். கடற்கரையின் தெற்குக் கோடியில் அன்னை வேளாங்கண்ணி ஆலயம், அதைத் தாண்டி 1976-ல் குடமுழுக்கு கண்ட அஷ்டலட்சுமி கோயில். குறுகலான படிகளில் மாடிக்கு மாடி ஏறி எட்டு லட்சுமிகளையும் தரிசிக்க வேண்டும் என்பதால், மூட்டு வலிக்காரர்கள் கீழே இருந்தே கும்பிட்டுக்கொள்ளலாம். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதை மறக்க வேண்டாம். ஆகஸ்ட் 29-ல் கொடியேறி செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. காவி உடையில் நடந்தே வரும் பக்தர்களால் அந்த நாட்களில் சாலை நிரம்பிவிடும். விழாவைப் பார்க்க என்றால் போகலாம். அமைதி வேண்டும் என்றால் வேறு தேதி.

மாலையிலும் பீச் வேண்டும் என்பவர்கள் காலண்டரில் பௌர்ணமியைப் பார்த்துக் கிளம்பலாம். சூரியன் பின்னால் மறையும் நேரத்தை ஒட்டி, முன்னால் கடலிலிருந்து நிலா ஆரஞ்சு நிறத்தில் எழும். கையில் மாங்காய் தூவிய சுண்டல் பொட்டலம், வாட்டிய சோளம், பிள்ளைகளுக்குப் பலூன் சுடும் துப்பாக்கி. மீன் வறுவல் கடையில் எண்ணெயின் நிறத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு ஆர்டர் செய்வது வயிற்றுக்கு நல்லது.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை இதே மணலுக்கு இன்னொரு விருந்தாளியும் வரும். பங்குனி ஆமை. இரவில் கரையேறி, குழி தோண்டி, நூறுக்கும் மேல் முட்டையிட்டு, மூடிவிட்டுத் திரும்பிப் போய்விடும். 1988 முதல் மாணவர்களும் தன்னார்வலர்களும் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவெல்லாம் நடந்து அந்த முட்டைகளைச் சேகரித்து, வேலியிட்ட குஞ்சுப் பொரிப்பகத்தில் புதைத்துக் காக்கிறார்கள். பொதுமக்களும் உடன் நடக்கலாம். பல கிலோமீட்டர் மணல் நடை என்பதால் சின்னப் பிள்ளைகளுக்குச் சரிப்படாது. காலேஜ் போகும் பிள்ளைகளை அனுப்பலாம். முட்டை பொரிய 45 முதல் 60 நாட்கள் ஆகும். குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கித்தான் ஓடும். அதனால் அந்தக் கரையில் டார்ச்சும் கேமரா ஃபிளாஷும் அணைந்தே இருக்க வேண்டும்.