மேற்றிசை நோக்கிய மாட்டு வண்டில்கள்

ஐக்கிய அமெரிக்காவின் வையோமிங் மாநிலத்திலே, வட பிளாற் ஆற்றங்கரையில் கேர்ண்சி என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூருக்குத் தெற்கே, ஆற்றை அடுத்து, மணற்பாறையாலான மேடொன்று அமைந்திருக்கிறது. அம்மேட்டின் மீது ஏறிப் பார்ப்பவர் கண்ணுக்கு வாய்க்கால் போன்றதொரு பள்ளம் புலப்படும். மழைநீர் அரித்த பள்ளமன்று அது. வண்டிற் சில்லுகளும் மாட்டுக் குளம்புகளும் ஆண்டாண்டாகத் தேய்த்துத் தேய்த்துக் கல்லிலே பதித்த தடம். சில இடங்களில் அதன் ஆழம் நான்கைந்து அடி. உள்ளே இறங்கி நின்றால் பாறை நம் நெஞ்சளவுக்கு உயர்ந்து நிற்கும்.

இத்தடமே சரித்திரத்திற் புகழ்பெற்ற ஒறிகன் பாதையின் ஒரு கூறு. 1840ஆம் ஆண்டளவிலிருந்து 1869 வரையும், இப்பாதை வழியாகவும் இதிலிருந்து கிளைத்த கலிபோர்ணியாப் பாதை, யூற்றாப் பாதை வழியாகவும் மூன்று இலட்சத்துக்குக் குறையாத மக்கள் மேற்றிசை நோக்கிச் சென்றார்கள். அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் அவர்களை முன்னோடிகள் எனப் போற்றிப் படிக்கிறார்கள். அவர்கள் பட்ட துன்பங்களுக்கு ஈடான பயன் கிடைத்ததா? அவர்கள் சென்ற வழியிலே நாமும் மனத்தால் நடந்து, இவ்வினாவுக்கு விடை தேடுவோம்.

ஏன் புறப்பட்டார்கள்?

புறப்பட்டவர்களிற் பெரும்பாலோர் மிசிசிப்பி, மிசூரி ஆறுகளின் பள்ளத்தாக்குகளிலே பயிர் செய்து வாழ்ந்தவர்கள். 1837இல் அமெரிக்காவைப் பெரும் பொருளாதார வீழ்ச்சி தாக்கியது. வங்கிகள் முறிந்தன, தானியத்தின் விலை சரிந்தது, கடன்பட்டவர் காணியை இழந்தனர். ஆற்றோரத் தாழ்நிலங்களிலே மலேரியாச் சுரம் வீடு தவறாமல் வாட்டியது. இந்நிலையில், றொக்கி மலைகளுக்கு அப்பால், பசிபிக் கரைக்கு அண்மையில், வில்லமெற் என்னும் பள்ளத்தாக்கு இருக்கிறதென்றும், அங்கே மண் கருமையானது, மாரி மென்மையானது, காணி இலவசமானது என்றும் செய்தி பரவிற்று. இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது மனித இயல்பன்றோ? மேற்கே போகவேண்டும் என்ற வேட்கையை அக்காலத்தவர் 'ஒறிகன் காய்ச்சல்' என்றே அழைத்தனர்.

எனினும், மிக வறியவர்கள் இந்தப் பிரயாணத்தை நினைத்துப் பார்க்கவும் இயலாது. வண்டில், எருதுகள், ஆறு மாதத்துக்கு வேண்டிய உணவு ஆகிய அனைத்தையும் முன்கூட்டியே வாங்கவேண்டும். ஆகவே இருந்த காணியை விற்று, அப்பணத்தை வண்டிலில் முடக்கிப் புறப்பட்டவர்களே பலர். திரும்பிவர நினைத்தாலும் திரும்பிவர வீடு இல்லை.

இரண்டாயிரம் மைல் நடை

மிசூரி மாநிலத்தின் இன்டிப்பென்டன்ஸ் நகரிலிருந்து வில்லமெற் பள்ளத்தாக்கு வரை ஏறக்குறைய 2,000 மைல். வசந்த காலத்திற் புல் முளைத்த பின்னரே புறப்படலாம். முந்திப் புறப்பட்டால் எருதுகளுக்குத் தீனி இல்லை. பிந்திப் புறப்பட்டாலோ மேற்கு மலைகளில் உறைபனி வழியை மறித்துவிடும். இந்த இரண்டுக்கும் இடையே நான்கு தொடக்கம் ஆறு மாதத்துள் பயணத்தை முடித்தாக வேண்டும். வையோமிங்கில் உள்ள 'சுதந்திரப் பாறை'யை, அமெரிக்கச் சுதந்திர தினமாகிய ஜூலை 4ஆந் திகதிக்குள் அடைந்துவிட்டால் காலம் தப்பவில்லை என்று ஆறுதல் அடைவார்கள். அப்பாறையிலே பெயர் பொறித்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவற்றுட் பல இன்றும் படிக்கக் கிடக்கின்றன.

திரைப்படங்களிற் காண்பதுபோல அவர்கள் வண்டிலில் அமர்ந்து பவனி வரவில்லை. பத்தடி நீளமும் நாலடி அகலமும் கொண்ட வண்டிற் பெட்டியைக் கோதுமை மாவும், உப்பிட்ட பன்றியிறைச்சியும், கோப்பியும், சீனியும், ஏர்க்கருவிகளும் நிறைத்துக்கொள்ளும். ஆளொருவருக்கு 150 இறாத்தலுக்குக் குறையாமல் மா வேண்டும். எருதுகளின் பாரத்தைக் குறைப்பதற்காகப் பெண்களும் பிள்ளைகளும் நடந்தே சென்றனர். நாளொன்றுக்குப் பதினைந்து மைல் நடந்தால் நல்ல நடை. மரமில்லாத சமவெளியிலே விறகுக்குப் பதிலாகக் காட்டெருமையின் உலர்ந்த சாணத்தைப் பெண்கள் மடியிற் சேர்த்து வந்து அடுப்பெரித்தார்கள். வறட்டி தட்டி எரித்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது புதுமையன்று. ஆனால் கிழக்கு மாநிலத்துப் பெண்களுக்கு அது முதலில் அருவருப்பாகவே இருந்தது.

மலைப்பாதை தொடங்கியதும் எருதுகள் களைத்து விழும். அப்பொழுது பாட்டி காலத்து அலுமாரியும், இரும்பு அடுப்பும், பிள்ளையின் தொட்டிலும் வழியோரத்தில் இறக்கி வைக்கப்படும். பின்னால் வந்தவர்கள் அவற்றைக் கண்டு, தம் முறை எப்போது என எண்ணியபடி கடந்து சென்றார்கள்.

வழியோரக் கல்லறைகள்

பயணத்தில் இறந்தவர்கள் எத்தனை பேர்? நூற்றுக்கு நான்கு என்று சிலரும், பத்து என்று சிலரும் மதிப்பிடுவர். குறைந்த மதிப்பீட்டை ஏற்றாலும் பல்லாயிரம் உயிர்கள் என்பது தெளிவு. இவர்களைக் கொன்ற பெரும் பகைவன் எது? அம்பும் ஈட்டியுமன்று. வாந்திபேதி. குறிப்பாக 1849இலிருந்து 1852 வரை, ஒரே ஆற்றங்கரையில் ஆயிரமாயிரம் பேர் தங்கி, அசுத்தமான நீரைப் பருகியமையால், காலையில் நலமாக நடந்தவர் மாலையிற் புதைக்கப்பட்டார். அதற்கு அடுத்தபடியாக ஆறுகளைக் கடக்கையில் மூழ்கினோரும், சில்லின் கீழ் விழுந்தோரும், தம் துப்பாக்கி தற்செயலாக வெடித்து மாண்டோரும் பலர்.

ஓநாய்கள் தோண்டாதிருக்க, சில வேளைகளில் பிணத்தைப் பாதையின் நடுவிலேயே புதைத்து, அதன் மேல் வண்டில்களை ஓட்டிச் சென்றனர். பெற்ற குழந்தையைப் புதைத்த தாய், அவ்விடத்தைத் திரும்பி வந்து பார்க்க ஓர் அடையாளமும் இன்றி நடந்தாள். அவ்வழி சென்ற பெண்கள் எழுதிய நாட்குறிப்புகளிலே, அன்றன்று கண்ட கல்லறைகளின் தொகையைக் கணக்கிட்டு எழுதியவை உண்டு. புறப்படுவதென்ற முடிவு பல வீடுகளிற் கணவனுடையது. கணக்கெழுதும் கடமை மனைவியுடையதாயிற்று.

சேகர் குடும்பத்துப் பிள்ளைகள்

ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்வோம். 1844ஆம் ஆண்டு ஹென்றி சேகர், நயோமி சேகர் என்ற தம்பதிகள் ஆறு பிள்ளைகளுடன் மிசூரியிலிருந்து புறப்பட்டனர். ஏழாவது குழந்தை வழியிலே பிறந்தது. ஒன்பது வயதான கத்தரின் ஓடும் வண்டிலிலிருந்து குதித்தபொழுது பாவாடை சிக்கி, சில்லு ஏறிக் கால் முறிந்தது. சில வாரங்களின் பின் தந்தை காய்ச்சலால் மாண்டார். ஒரு மாதம் முடியுமுன் தாயும் கண்ணை மூடினாள். மூத்தவனுக்கு வயது பதின்மூன்று. கடைக்குட்டி கைக்குழந்தை. உடன்வந்தோர் அவ்வேழு பிள்ளைகளையும் கைவிடாமல் பேணி, கொலம்பியா ஆற்றுப் பிரதேசத்தில் சமயத் தொண்டும் வைத்தியமும் புரிந்து வந்த மார்க்கஸ் விற்மன், நார்சிசா தம்பதிகளிடம் சேர்த்தனர். தம் ஒரே மகளை நீரிற் பலிகொடுத்திருந்த அவ்விருவரும் எழுவரையும் ஏற்றுக்கொண்டனர்.

கதை அங்கே இனிது முடிந்திருந்தால் நன்று. 1847இல் குடியேறிகளோடு சின்னமுத்து நோயும் வந்து சேர்ந்தது. அப்பிரதேசத்துக் கயூஸ் மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேரை அது வாரிக்கொண்டது. விற்மனின் மருந்தை உண்ட வெள்ளைப் பிள்ளைகள் பிழைக்க, தம் பிள்ளைகள் மாள்வதைக் கண்ட கயூஸ் மக்கள் நஞ்சூட்டப்படுவதாக ஐயுற்றார்கள். நோயைத் தீர்க்கத் தவறிய வைத்தியன் தன் உயிரை இழக்கலாம் என்பதும் அவர்களின் வழக்கு. நவம்பர் 29ஆந் திகதி விற்மன் தம்பதிகளும் வேறு பலரும் கொல்லப்பட்டார்கள். சேகர் குடும்பத்தின் இரு ஆண்பிள்ளைகளும் அவர்களுள் அடங்குவர். 1850இல் கயூஸ் மக்கள் ஐவர் ஒறிகன் நகரில் தூக்கிலிடப்பட்டனர். இரு பக்கத்திலும் பிள்ளைகளை இழந்தவர்களே நின்றார்கள். உயிர் தப்பிய கத்தரின் வளர்ந்து இவை அனைத்தையும் எழுதிவைத்தாள்.

கிடைத்தது யாருக்கு?

வந்து சேர்ந்தவர்களுக்குப் பயன் கிட்டவில்லை என்று கூறமுடியாது. 1850ஆம் ஆண்டுச் சட்டப்படி, அவ்வாண்டு முடியுமுன் வந்து நிலத்திற் பயிர்செய்த வெள்ளையர்களுள் திருமணமாகாத ஆடவனுக்கு 320 ஏக்கரும், தம்பதிகளுக்கு 640 ஏக்கரும் கிடைத்தன. பாதிக் காணி மனைவியின் பெயரிலேயே எழுதப்பட்டது. அக்காலத்துக்கு இது பெரிய காரியம். மிசூரியில் கடனில் மூழ்கியிருந்தவனின் பிள்ளைகள் வில்லமெற் மண்ணிலே நிலக்கிழார் ஆயினர்.

ஆனால் அதே துன்பத்தைப் பட்ட எல்லோருக்கும் அதே பயன் கிடைத்ததா? 1844இல் ஜோர்ஜ் புஷ் என்ற கறுப்பினத்தவர் தம் குடும்பத்துடன் இப்பாதையிலே வந்தார். உடன்வந்த வறியோருக்கு உதவியும் செய்தார். வந்து பார்த்தால், கறுப்பினத்தவர் ஒறிகனில் வாழக்கூடாது என்று சட்டம் இயற்றப்பட்டிருந்தது. அவரும் அவரை விட்டுப் பிரிய மறுத்த நண்பர்களும் கொலம்பியா ஆற்றுக்கு வடக்கே சென்று குடியேறினார்கள். தானியம் அருகிய காலத்தில் புஷ் தம் களஞ்சியத்தை அயலவர்க்குத் திறந்துவிட்டார். அயலவர் நன்றி மறக்கவில்லை. அவர்கள் முறையிட்டதன் பேரில், 1855இல் அமெரிக்கக் காங்கிரஸ் தனிச்சட்டம் இயற்றி அவருக்கு 640 ஏக்கர் காணியை உறுதி செய்தது. வாக்குரிமையோ அவர் வாழ்நாளில் கிட்டவில்லை.

முன்னரே இருந்தவர்கள்

அந்த இலவசக் காணி உண்மையில் யாருடையது? வில்லமெற் பள்ளத்தாக்கிலே பன்னெடுங்காலமாக வாழ்ந்தவர்கள் கலப்பூயா மக்கள். காமாஸ் என்னும் கிழங்கும் வேட்டை விலங்குகளும் பெருகும்பொருட்டு, ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் அவர்கள் புல்வெளிக்குத் தீ மூட்டுவர். மரம் அடர்ந்து காடாகாமல், ஏர் பூட்டத் தயாரான வெளியாக அப்பள்ளத்தாக்கு கிடந்ததற்கு அவர்களின் உழைப்பே காரணம். குடியேறிகள் கண்டு மகிழ்ந்த 'வெற்று நிலம்' பிறர் கைபட்டுப் பண்பட்ட நிலமேயாகும். 1830ஆம் ஆண்டை அடுத்து மலேரியாச் சுரம் பரவி அவர்களிற் பெரும்பாலோரை அழித்தது. எஞ்சியோர் 1855ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பின், 1856இல் கிராண்ட் றொண்ட் என்னும் ஒதுக்கிடத்துக்கு அகற்றப்பட்டார்கள். அம்மக்களும் நடந்தே சென்றார்கள்; அந்நடைக்குப் பாறையிற் பெயர் பொறிக்க எவரும் நிற்கவில்லை.

சமவெளியிலும் நிகழ்ந்தது இதுவே. வண்டிற் கூட்டங்கள் புல்லையும் விறகையும் அழித்தன. காட்டெருமைகள் பாதையை விட்டு விலகின. ஜோன் அன்ரூ என்ற சரித்திர ஆசிரியர் திரட்டிய கணக்கின்படி, 1840 தொடக்கம் 1860 வரை பூர்வ குடிகளாற் கொல்லப்பட்ட பிரயாணிகள் 362 பேர். பிரயாணிகளாற் கொல்லப்பட்ட பூர்வ குடிகள் 426 பேர். ஆற்றைக் கடக்க உதவியவர்களும், வழிகாட்டியவர்களும், பசித்தோருக்கு மீன் விற்றவர்களும் அப்பூர்வ குடிகளே.

வரவும் செலவும்

1852இல் இருபத்தொரு வயது இளைஞராக, மனைவியோடும் கைக்குழந்தையோடும் இப்பாதையைக் கடந்தவர் எஸ்றா மீக்கர். செல்வம் சேர்த்தார், பயிரிலே பூச்சி விழுந்து செல்வத்தை இழந்தார். 1906இல், தமது எழுபத்தைந்தாம் வயதில், அதே பாதையிலே மாட்டு வண்டில் கட்டிக்கொண்டு கிழக்கு நோக்கிப் புறப்பட்டார். பாதை மறக்கப்படக் கூடாதென்று வழியெங்கும் நினைவுக்கற்கள் நாட்டச் செய்தார். 1924இல் அப்பாதைக்கு மேலாக விமானத்திலும் பறந்தார். அத்தனை துன்பத்தையும் பட்டவரே இப்படி மீண்டும் மீண்டும் அவ்வழியை நாடினாரென்றால், அப்பயணத்தை அவர் வீண் என்று எண்ணவில்லை என்பது வெளிப்படை. ஆனால் மீக்கர் சேர்ந்தவர். சேராதவர்கள் விடை சொல்ல வரவில்லை.

1869 மே 10ஆந் திகதி இரு கரைகளையும் இணைக்கும் புகையிரதப் பாதை யூற்றாவிலே பூர்த்தியாயிற்று. ஆறு மாதப் பயணம் ஏறத்தாழ ஒரு வாரமாகச் சுருங்கியது. இருபது ஆண்டு காத்திருந்தவனுக்குக் கல்லறை இல்லாத பயணம் கிடைத்தது. நல்ல காணியோ அதற்குள் கைமாறியிருந்தது.

ஆகவே, துன்பத்துக்கு ஈடான பயன் கிடைத்ததா என்ற வினாவுக்கு ஒரே விடை இல்லை. பிழைத்துச் சேர்ந்த உழவனுக்குக் கிடைத்தது. வழியிற் புதைந்த குழந்தைக்குக் கிடைக்கவில்லை. கலப்பூயா மக்களோ, தாம் மேற்கொள்ளாத பயணத்துக்குத் தம் நாட்டையே விலையாகக் கொடுத்தார்கள். முன்னோடிகளின் பொறுமையையும், அநாதைப் பிள்ளைகளை ஏந்திச் சென்ற அவர்தம் இரக்கத்தையும் நாம் போற்றலாம், போற்றவும் வேண்டும். எனினும், பெருந்துன்பம் பட்டோம் என்பது பிறர் நிலத்துக்கு உறுதிச்சீட்டு ஆகாது. பிள்ளைகளுக்கு இச்சரித்திரத்தைச் சொல்லும் பெற்றோர், பாறையிற் பதிந்த தடத்தைக் காட்டும்பொழுதே, தடம் விடாமற் போன மக்களையும் சேர்த்துச் சொல்வார்களாக.